காணாமல் போன பதினாறு பக்கங்கள்



"உனக்குத் தெரிஞ்சதை எழுது, போதும்" என்றார் மலர்க்குழு அண்ணன். எனக்குத் தெரிந்தது இரண்டு. ஒன்று மீன். இன்னொன்று, இந்தக் கல்லூரிக்கு வந்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கற்றுவரும் அச்சு. இரண்டும் ஒரு தகரப் பெட்டிக்குள் சந்தித்த கதை இது.

என் ஊர் தருவைகுளம். தூத்துக்குடிக்கு வடக்கே, உப்பளங்களைத் தாண்டிக் கடலோரத்தில் இருக்கிறது. தாத்தா சங்கு குளித்தவர். அப்பா வலைக்குப் போகிறவர். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். அம்மாவுக்குக் கையெழுத்து மட்டும் போடத் தெரியும். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் மீன்பிடித் தடைக்காலம். படகு கரையில் நின்றால் வீட்டில் காசும் நின்றுவிடும். போன தடைக்காலத்தில் எனக்கு ஹாஸ்டல் மெஸ் பாக்கி இருந்தது. அப்பாவிடம் கேட்க வாய் வரவில்லை. அம்மா சொல்லித்தான் அவருக்குத் தெரிந்தது. மறுநாள் காலையில் பரணிலிருந்து ஒரு தகரப் பெட்டியை இறக்கி என் முன்னால் வைத்தார்.

"பழைய படக்கதைக்கெல்லாம் இப்ப நல்ல விலையாமே. இதுல எதாவது தேறுமான்னு பாரு."

உள்ளே பதினொரு காமிக்ஸ்! அப்பா பையனாக இருந்தபோது பிளாட்பாரக் கடையில் பாதி விலைக்கு வாங்கியவை. அவர் எழுத்துக்கூட்டி வாசிக்கப் பழகியதே இவற்றில்தான்.

நம்மில் பலருக்கு வீட்டுப் பெரியவர்கள் சொல்லித் தெரிந்திருக்கும். 1972-இல் சிவகாசியிலிருந்து 'இரும்புக்கை மாயாவி'யோடு முத்து காமிக்ஸ் தொடங்கியது. அந்த மாயாவி 1962-இல் இங்கிலாந்தின் 'வேலியன்ட்' பத்திரிகையில் பிறந்தவர். 1984-இல் லயன் காமிக்ஸும் ராணி காமிக்ஸும் வந்தன. ராணி 2005-இல் நின்றுவிட்டது. முத்துவும் லயனும் இன்றும் சிவகாசியிலிருந்து வருகின்றன. அன்று சில ரூபாய்க்கு விற்ற இதழ்களுக்கு இன்று ஆயிரக்கணக்கில் கொடுக்க ஆள் இருக்கிறது.

பதினொன்றில் நல்லதாக ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். எங்கள் ஊர் உப்புக்காற்றில் பின் துருப்பிடித்திருந்தது. ஓரம் பழுப்பு. அட்டை மடிப்பில் வெள்ளைக் கீறல். அச்சுத் தொழில் படிக்கிறவன் சும்மா இருப்பேனா? அப்போது லீவில் ஓர் அச்சகத்துக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். துருப்பிடித்த பின்னைக் கழற்றிப் புதுப் பின் அடித்தேன். கீறலில் கறுப்பு ஸ்கெட்ச் பேனாவால் தடவினேன். கடைசியாக மூன்று ஓரத்தையும் கட்டிங் மிஷினில் மெலிசாகச் சீவினேன். புத்தகம் புத்தம்புதிதாகப் பளபளத்தது. எனக்கு ஒரே பெருமை!

தூத்துக்குடியில் காமிக்ஸ் சேர்க்கும் ஓர் அண்ணாச்சியிடம் கொண்டுபோனேன். அவர் கையில் வாங்கியதும் கதையைப் பார்க்கவில்லை. முதலில் பக்கம் எண்ணினார். பிறகு ஓரத்தைப் பார்த்தார். பீரோவிலிருந்து அதே இதழின் தன் பிரதியை எடுத்து என்னுடையதன் மேல் வைத்தார். என்னுடையது இரண்டு மில்லிமீட்டர் குட்டை!

"தம்பி, முப்பத்தஞ்சு வருசப் புத்தகத்துக்கு ஓரம் இப்படி வெள்ளையா இருக்குமா? பின்னைப் பாரு. ஓட்டையைச் சுத்தித் துரு இருக்கு, பின்னுல துரு இல்ல. இந்த மடிப்புல மை தடவிருக்க. நீ அழுக்கைச் சீவல தம்பி, விலையைச் சீவிட்ட."

"அப்படியே கொண்டுவந்திருந்தா என்ன தந்திருப்பீங்க அண்ணாச்சி?"

"ரெண்டாயிரத்து ஐந்நூறு. இப்ப எழுநூறு."

என் மெஸ் பாக்கியில் பெரும்பகுதி அந்த இரண்டு மில்லிமீட்டரில் போய்விட்டது. முகம் செத்துப்போய் நின்ற என்னை உட்காரவைத்து, மோர் கொடுத்து, அண்ணாச்சிதான் தரம் பிரிக்கும் கதையைச் சொன்னார். பிறகு நானும் தேடித் தேடிப் படித்தேன்.

அமெரிக்காவில் இதற்கென்றே கம்பெனி இருக்கிறது நண்பர்களே! சி.ஜி.சி. என்று பெயர். 2000-ஆம் ஆண்டு தொடங்கியது. உங்கள் காமிக்ஸை அனுப்பினால், ஒருவருக்கு மேற்பட்டவர்கள் பார்த்து 0.5 முதல் 10 வரை ஒரு எண் கொடுப்பார்கள். பக்கங்களை எண்ணுவார்கள், தாள் வெள்ளையா பழுப்பா என்று குறிப்பார்கள், பசை, மை, புதுத்தாள் ஏதாவது சேர்ந்திருக்கிறதா என்று தேடுவார்கள். பிறகு கெட்டியான பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து மூடி, மேலே லேபிள் வைத்துத் தருவார்கள். சாதாரணப் பிரதிக்கு நீல லேபிள். என்னைப் போல மை தடவி அழகு பண்ணியதற்கு ஊதா லேபிள்! ஊதா என்றால் விலை சரிந்துவிடும். உறையைப் பிரித்தால் அந்த எண்ணும் செல்லாது.

அந்த எண்ணுக்கு எவ்வளவு மதிப்பு? சூப்பர்மேன் முதலில் வந்த 'ஆக்‌ஷன் காமிக்ஸ்' முதல் இதழ், 1938-இல் 10 சென்ட். அதில் 8.0 வாங்கிய ஒரு பிரதி 2010 பிப்ரவரியில் 10 லட்சம் டாலருக்கு விற்றது. அடுத்த மாதமே 8.5 வாங்கிய இன்னொரு பிரதி 15 லட்சம் டாலருக்குப் போனது. அரை மார்க்குக்கு ஐந்து லட்சம் டாலர்! நமக்கு அரை மார்க் குறைந்தால் அரியர்தான் வரும். 2024 ஏப்ரலில் ஒரு 8.5 பிரதி 60 லட்சம் டாலரைத் தொட்டுவிட்டது.

நம் பக்கம் லேபிளும் இல்லை, பிளாஸ்டிக் உறையும் இல்லை. அண்ணாச்சி மாதிரி ஆட்களின் கண்தான் தராசு. லெண்டிங் லைப்ரரி முத்திரை இருந்தால் குறையும். பேனாவில் பெயர் எழுதியிருந்தால் குறையும். பத்து இதழைச் சேர்த்து பைண்டு பண்ணியிருந்தால் ரொம்பக் குறையும், ஏனென்றால் பைண்டர் ஓரத்தை வெட்டியிருப்பார்.

யோசித்தால் எங்கள் கடலுக்கு இது புதிதல்ல. தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் பத்துப் பித்தளைச் சல்லடைகளில் முத்தைச் சலித்து அளவு பிரிப்பார்கள். பிறகு உருட்சியும் ஒளியும் பார்த்து விலை. ஆணிமுத்து என்றால் முதல் தரம். 1961-க்குப் பிறகு அந்தக் குளிப்பு நடக்கவில்லை. ஆனால் கரையில் மீன் ஏலம் எடுக்கிறவர் செவுளைத் தூக்கிப் பார்ப்பது இன்றும் அதே கண்தான்.

எழுநூறு கதையை வீட்டில் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். அப்பா சிரித்தார்.

"ஏல மக்கா, நாள்பட்ட மீன்ல தண்ணி தெளிச்சா புது மீனாயிருமா? வாங்குறவன் செவுளத்தான பாப்பான்."

சரி, நாம் கெடுத்தது ஒரு பக்கம். அச்சகமே தப்புப் பண்ணியிருந்தால்? நம் துறைக்கு அதுதான் முக்கியமான கேள்வி. அட்டை கொஞ்சம் கோணலாக மடிந்தது, வண்ணம் ஒன்றின் மேல் ஒன்று சரியாக உட்காமல் விலகியது, இவையெல்லாம் பிறக்கும்போதே வந்தவை. வாங்கியவர் கெடுத்தவை அல்ல. ஆகவே கிழிசலுக்கும் கறைக்கும் குறைக்கிற அளவு இவற்றுக்குக் குறைப்பதில்லை. சில தப்புகள் விலையை ஏற்றியும் விடும். மிஷின் தவறி ஒரே புத்தகத்துக்கு இரண்டு அட்டை விழுந்திருந்தால் சேகரிப்பவர்களுக்குக் கொண்டாட்டம். மேலட்டை அடி வாங்கிக்கொண்டு உள்ளட்டையைப் புதிதாக வைத்திருக்கும். 2000-இல் 'லீக் ஆஃப் எக்ஸ்ட்ராடினரி ஜென்டில்மென்' ஐந்தாம் இதழில், போட்டிக் கம்பெனியின் பெயர் கொண்ட ஒரு பழைய காலத்து விளம்பரம் வந்துவிட்டது. அச்சடித்ததை அழிக்கச் சொன்னார்கள். தப்பிய சில பிரதிகளுக்குத்தான் கிராக்கி!

நம் நாட்டுக் கதை இதைவிடப் பெரிது. 1854-இல் கல்கத்தாவில் அச்சான நாலணா ஸ்டாம்பு இரட்டை வண்ணம். சிவப்பில் சட்டம், நீலத்தில் விக்டோரியா ராணியின் தலை. இரண்டாவது ஓட்டத்தில் தாள் தலைகீழாகப் போய்விட, ராணி தலைகீழாக நின்றார். இன்று உலகத்தின் அபூர்வ ஸ்டாம்புகளில் அது ஒன்று.

இதைப் படித்ததும் எனக்கு ஆசை பிறந்தது. ஏனென்றால் தகரப் பெட்டியில் இன்னொரு புத்தகம் இருந்தது. அச்சுப் பிழை உள்ள புத்தகம்!

சின்ன வயதில் கரண்ட் போனால் அப்பா எனக்குச் சொல்லும் கதை அதுதான். கதாநாயகன் பாறையிலிருந்து கடலில் விழுகிறான். உடனே அவனைத் தூக்குவது யார்? சங்கு குளிக்கும் எங்கள் தாத்தா! தருவைகுளத்து வள்ளத்தில் ஏற்றி, கஞ்சி கொடுத்து, கப்பலில் விடுகிறார். பிறகு வில்லன்கள் அவனைக் கட்டிப்போடுகிறார்கள். "அவனுவ போட்டது மீன்காரன் முடிச்சு இல்ல மக்கா, சும்மா இழுத்தா அவுந்துரும்" என்பார் அப்பா. கதாநாயகன் தப்பிவிடுவான். நானும் நம்பித் தூங்கிவிடுவேன்.

புத்தகத்தை இப்போது முதல்முறையாக ஒழுங்காகப் படித்தேன். 16-ஆம் பக்கத்துக்குப் பிறகு மறுபடி 9 வருகிறது. இரண்டாம் முறை 16 முடிந்ததும் நேராக 25. அதேபோல 40-க்குப் பிறகு 49. 56 முடிந்து மீண்டும் 49. இரண்டு இடத்தில் ஏன் கதை அறுகிறது? நம் பைண்டிங் வகுப்பை நினைத்துக்கொண்டேன். 64 பக்கம், 16 பக்கப் பாரம் நாலு. ஒன்றுக்குள் ஒன்றைச் செருகி நடுவில் பின் அடித்த புத்தகம். மூன்றாவது பாரத்தில் 17 முதல் 24 வரையும், 41 முதல் 48 வரையும் இருக்கும். செருகியவர் கை தவறி மூன்றாவதுக்குப் பதில் இரண்டாவதையே இன்னொரு தடவை எடுத்துவிட்டது! ஒரு பாரம் போனதில் கதையில் இரண்டு ஓட்டை. எங்கள் தாத்தா நுழைந்தது முதல் ஓட்டையில். மீன்காரன் முடிச்சு இரண்டாவதில்.

அண்ணாச்சியிடம் ஓடினேன். அவர் தலையை ஆட்டினார். "தப்புக்கு விலை வரணும்னா அது அபூர்வமா இருக்கணும், பாத்ததும் தெரியணும், புத்தகமும் முழுசா இருக்கணும். பக்கம் இல்லாத புத்தகத்துக்கு என்ன மதிப்பு? வேடிக்கைக்கு வச்சுக்கிட நூத்தம்பது தாரேன்."

அன்றிரவு கூட வேலை பார்த்த ஒருவன் சொன்னான்: "முழுப் பிரதிலேர்ந்து அந்தப் பாரத்தைப் பழைய நியூஸ் பிரிண்டுல ஓட்டிச் செருகிருவோம். ஆயிரத்தைந்நூறுக்கு வெளியூர்ல தள்ளிரலாம். எவன் கண்டுபிடிப்பான்?" உண்மையைச் சொல்கிறேன் நண்பர்களே, எனக்கு ஆசையாகத்தான் இருந்தது. மிஷின் தெரியும், தாள் கிடைக்கும், பாக்கி இருக்கிறது. இரண்டு நாள் அதே யோசனை.

அப்பாவிடம் சுற்றி வளைத்துக் கேட்டேன். அவர் வலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "வலம்புரிச் சங்கு இருக்குல்ல, அதுவும் கோளாறுதான். எல்லாச் சங்கும் ஒரு பக்கம் சுத்துனா அது மறுபக்கம் சுத்தும். அதுக்கு விலை உண்டு. புழு அரிச்ச சங்குக்கு விலை கம்மி. ஆனா கம்மியா இருந்தாலும் ஒரு விலை உண்டு. அரிச்ச ஓட்டைய மெழுகு வச்சு அடைச்சு வித்தான்னு வையி, அவனுக்கு அப்புறம் கரையில விலையே கிடையாது."

சங்குக்கு என்று சொல்லவில்லை. அவனுக்கு என்றார்.

சீவிய புத்தகத்தை எழுநூறுக்கே கொடுத்தேன். நான் தொடாத மூன்றை நல்ல விலைக்கு அண்ணாச்சி எடுத்துக்கொண்டார். மெஸ் பாக்கி தீர்ந்தது. பிழை புத்தகத்தை விற்கவில்லை. விடைபெறும்போது, "உங்ககிட்ட இருக்க முழுப் பிரதியில அந்தப் பதினாறு பக்கத்தை மட்டும் போட்டோ எடுத்துக்கிடட்டுமா அண்ணாச்சி?" என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே நீட்டினார்.

அன்று மாலை கரையில் வைத்து அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். முப்பது வருடம் கழித்து அவருக்குக் கதை முழுசாகக் கிடைக்கிறது! கடலில் விழுந்தவனை ஒரு நீர்மூழ்கிக் கப்பல் வந்து தூக்குகிறது. கட்டிப்போட்டவனை ஒரு போலீஸ்காரர் அவிழ்த்துவிடுகிறார். அவ்வளவுதான். அப்பா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

"நம்ம தாத்தா வரலியா?"

"வரலப்பா."

"அப்ப நம்ம புத்தகத்தையே வச்சுக்கிடுவோம்" என்றார்.

நண்பர்களே, நாமும் செமஸ்டருக்கு செமஸ்டர் எண் வாங்குகிறவர்கள்தான். அந்த எண் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அது நியாயமாகக் கிடைத்த எண்ணாக இருக்கட்டும். பளபளப்புக்காக ஓரத்தைச் சீவிக்கொள்ள வேண்டாம். நாளைக்கு நம்மில் சிலர் பைண்டிங் மேஜையில் நிற்போம். அப்போது பாரத்தை ஒன்றுக்கு இரண்டு தடவை எண்ணுவோம். எல்லாப் புத்தகமும் என் அப்பாவைப் போன்ற ஒருவர் கையில் போய்ச் சேரும் என்று சொல்ல முடியாதே!

— இரண்டாம் ஆண்டு, அச்சுத் தொழில்நுட்பம்