நெற்றியில் ஓர் ஆண்டு

மூன்றாம் ஆண்டு, கணிப்பொறியியல்

பொங்கல் நெருங்கிவிட்டால் பாளையங்கோட்டையில் எங்கள் தெரு முழுவதும் வெள்ளையடிப்பு நடக்கும். எங்கள் வீட்டின் நெற்றியில் ‘1938’ என்ற எண் உண்டு. வீட்டைக் கட்டியவர் என் பாட்டனாரின் தந்தை. மாடி எழுப்பியபோது பாட்டனார் அதன் கீழே ‘1987’ என்று சேர்த்தார். வெள்ளையடித்த ஆண்டுகளை யாரும் பொறிக்கவில்லை. 1938ஐ யாரும் அழிக்கவுமில்லை.

இதைத் தினமும் பார்த்து வளர்ந்த நான் செய்த பிழையைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

எங்கள் துறையில் தமிழ்ச் சொற்களை அகர வரிசைப்படுத்தும் சிறு நிரல் ஒன்று உண்டு. 2016இல் இங்கு பயின்ற அக்கா ஒருவர் எழுதியது. யாரும் எடுத்தாளலாம் என்று எம்.ஐ.டி. உரிமத்தின்கீழ் விட்டுச் சென்றார். நாற்பது கோப்புகள், ஒவ்வொன்றின் தலையிலும் பதிப்புரிமை வரி, ஆண்டு, அவர் பெயர்.

2025 ஜனவரியில் நான் மூன்று கோப்புகளைத் திருத்தினேன். அத்தோடு நின்றேனா? ‘புத்தாண்டு வந்துவிட்டதே!’ என்று, ஒரே கட்டளையில் நாற்பதிலும் 2016ஐ 2025 ஆக்கினேன். அக்காவின் பெயர் இருந்த இடத்தில் ‘துறை மாணவர்கள்’ என்று போட்டேன். பெருமையாகவும் இருந்தது.

இரண்டு வாரம் கழித்துத் தொலைபேசி வந்தது. “ஏல தம்பி, வருஷத்தப் புதுசாக்கிட்ட, சரி. எம் பேரு எங்கல போச்சு?”

வேலைக்கு விண்ணப்பித்த அக்கா, தம் திறமைக்குச் சான்றாக அந்த நிரலைத்தான் காட்டியிருந்தார். பார்த்தவர்கள், “இதில் உங்கள் பெயரே இல்லையே!” என்றார்களாம். அக்கா கோபப்படவில்லை. அதுதான் என்னை அதிகம் சுட்டது.

அன்றிரவு சட்டத்தைப் படித்தேன். நம் நாட்டுப் பதிப்புரிமைச் சட்டம் 1957ஆம் ஆண்டினது. 1984இல் வந்த திருத்தம் கணிப்பொறி நிரலையும் இலக்கியப் படைப்புகளோடு சேர்த்தது. எழுதியவர் மறைந்து அறுபது ஆண்டுகள் வரை உரிமை நிற்கும். அப்படியானால் தலைப்பில் ஆண்டை மாற்றுவதால் உரிமை ஒரு நாளும் நீளாது! அந்த வரியே இல்லாவிட்டாலும் உரிமை போகாது. உலகெங்கும் பயன்படும் ‘கர்ல்’ என்ற நிரலின் கோப்புகளிலிருந்து 2023இல் ஆண்டுகளையே எடுத்துவிட்டார்கள்.

ஆனால் பெயர் வேறு. திருநெல்வேலியில் பயின்ற பாரதியின் படைப்புரிமையை 1949இல் சென்னை அரசு பெற்றது. பின்னர் அது மக்கள் உடைமையாயிற்று. திறந்த நிரல் அப்படியன்று. அதற்கு உரிமையாளர் உண்டு; அவர் நமக்கு அனுமதி தந்திருக்கிறார், அவ்வளவே. அந்த அனுமதிக்கு எம்.ஐ.டி. உரிமம் கேட்கும் விலை ஒன்றுதான்: பதிப்புரிமை அறிவிப்பை நீக்காதே என்பது. இலவசமாய்க் கிடைத்ததற்கு அந்தச் சிறு விலையையும் நான் கொடுக்கவில்லை!

பழைய பிரதிகள் சேமிப்பில் இருந்ததால் விடியுமுன் நாற்பதையும் மீட்டேன். நான் திருத்திய மூன்றில் மட்டும், அக்காவின் வரிக்குக் கீழே 2025 என்று என் பெயரைச் சேர்த்தேன். நடந்ததை விளக்கி அக்காவுக்குக் கடிதமும் எழுதிக் கொடுத்தேன். ஆனால் அந்த வேலை அதற்குள் வேறொருவருக்குப் போய்விட்டது.

நண்பர்களே, தாமிரபரணியின் மேல் சுலோசன முதலியார் பாலத்தை நாம் தினமும் கடக்கிறோம். 1843இல் திறந்த பாலம். பின்னாளில் அகலப்படுத்தினார்கள். ஆனாலும் அது இன்றும் அவர் பாலம்தானே? கல்லில் நிற்கும் அந்த மரியாதை, நாம் எழுதும் கோப்பின் தலையிலும் நிற்கட்டும்!