புதிய இஞ்சினா, பழைய இஞ்சினா?

2012ஆம் ஆண்டு சமூகப் பணியாளராக நான் வன்னிக்கு வந்தபோது, மீள்குடியேறிய கிராமங்களில் பெண்கள் என்னிடம் கேட்ட முதற் கேள்வி, "பிள்ளை, என்ன தருவீங்கள்?" என்பதுதான். அதில் பிழை காண எதுவுமில்லை. 2009இல் எல்லாவற்றையும் விட்டுவிட்டு உடுத்த துணியோடு வந்தவர்கள் வேறு எதைக் கேட்பது? கோழி, ஆடு, தையல் மெசின், வலை என்று பல உதவிகள் வந்தன. எந்த வகை வேண்டும், எது உங்களுக்குப் பொருந்தும் என்ற கேள்வி பெரும்பாலும் எழவில்லை. தந்ததைப் பெற்றுக்கொண்டார்கள்.

இப்போது பல பெண்கள் வேறு கேள்வியோடு வருகிறார்கள். "கொஞ்சம் காசு சேர்த்து வைச்சிருக்கிறன். எதை வாங்குறது?" என்கிறார்கள். இந்தக் கேள்வி எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. ஆனால் இதற்குப் பதில் சொல்வது முன்னையதை விடக் கடினமானது. ஏனெனில் இது அவர்களின் சொந்தக் காசு. பிழைத்தால் இன்னொருமுறை சேர்ப்பதற்குப் பல வருடங்கள் வேண்டும்.

முல்லைத்தீவுக் கரையோரக் கிராமம் ஒன்றில் வாழும் ஓர் அக்காவைப் பற்றி இங்கே சொல்ல விரும்புகிறேன். அவருடைய கணவர் 2009இன் கடைசி மாதங்களில் காணாமற் போனவர். இரண்டு பிள்ளைகளையும் கருவாடு போட்டு விற்றே வளர்த்தார். தகப்பன் வழியாக வந்த 18 அடிப் படகு ஒன்று அவரிடம் இருந்தது. ஆனால் இஞ்சின் இல்லை. அவருடைய தம்பி வேறொருவரின் படகில் கடலுக்குப் போய் வந்தார். மீன் விற்ற காசில் எண்ணெய்ச் செலவும் சாப்பாட்டுச் செலவும் கழிந்த பிறகு, படகுக்கும் இஞ்சினுக்கும் உரிய பங்கு சம்மாட்டிக்குப் போகும். "அந்தப் பங்கு எங்கட வீட்டுக்கு வரவேணும் தங்கச்சி" என்றார் அக்கா. சீட்டுக் காசும் கருவாட்டுக் காசும் சேர்ந்து அவர் கையில் ஒரு தொகை இருந்தது. புதிய இஞ்சின் ஒன்றின் விலைக்கு அது போதாது. பழையது ஒன்றை வாங்கினால் மிச்சம் வரும்.

ஊரில் எல்லோருக்கும் ஓர் அபிப்பிராயம் இருந்தது. தம்பி, "புதுசு எடுத்தால் கரைச்சல் இல்லை. மிச்சத்தை லீசிங்கில போடுவம்" என்றார். பக்கத்து வீட்டுக்காரர், "முதன்முதல் வாங்கிறனீங்கள், பழசில பழகிப்போட்டுப் பிறகு புதுசுக்குப் போங்கோ" என்றார். இரண்டு பேச்சிலும் நியாயம் இருந்தது. ஆனால் இரண்டு பேரும் அக்காவின் கணக்கைப் பார்க்கவில்லை.

நானும் அக்காவும் ஒரு மாலை முழுவதும் கொப்பி ஒன்றை வைத்துக்கொண்டு அந்தக் கணக்கைப் பார்த்தோம். லீசிங் தவணை 12 மாதமும் வரும். எங்கள் கடல் 12 மாதமும் உழைப்புத் தராது. கார்த்திகை, மார்கழி, தை மாதங்களில் வாடை பெயர்ந்து கடல் கொந்தளிக்கும்போது பல நாட்கள் படகு கரையிலேயே கிடக்கும். அந்த மாதங்களுக்கும் தவணை கட்ட வேண்டும். கடைசித் தவணை கட்டி முடியும்வரை இஞ்சின் லீசிங் கம்பனியின் சொத்தே ஒழிய எங்களுடையது அல்ல. இடையில் தவணை தவறினால், கட்டிய காசும் போய் இஞ்சினும் போகலாம்.

நுண்கடன் எங்கள் பெண்களை என்ன பாடு படுத்தியது என்பதை நான் நேரில் கண்டவள். ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன், அதை அடைக்க மூன்றாவது கடன் என்று போன வீடுகள் எத்தனை! வறட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பெண்கள் பெற்ற 1 இலட்சம் ரூபா வரையான நுண்கடன்களைத் தள்ளுபடி செய்ய 2018இல் அரசாங்கமே முடிவெடுக்க வேண்டிய அளவுக்கு நிலைமை போனது. ஆகவே "தவணைதானே" என்று யாராவது இலேசாகச் சொன்னால் எனக்குப் பயம் வருகிறது.

ஆனால் பழைய இஞ்சினிலும் பயம் இருக்கிறது. அந்தப் பயம் காசைப் பற்றியது மட்டுமல்ல. சோளகக் காற்று எங்கள் கரையில் தரையிலிருந்து கடலை நோக்கி அடிக்கும். கடலில் இஞ்சின் நின்றுவிட்டால் காற்று படகைக் கரைக்குக் கொண்டுவராது, வெளியே கொண்டுபோகும். "காசு போனால் உழைக்கலாம். தம்பி போனால்?" என்று அக்கா கேட்டார். ஒருவரை ஏற்கெனவே இழந்த வீட்டில் அந்தக் கேள்விக்கு எவ்வளவு கனம் என்பதை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

ஆகவே புதியதா பழையதா என்பதை விட்டு, "கடனும் வராமல், கடலிலும் நிற்காமல் இருக்க என்ன வழி?" என்று கேட்கத் தொடங்கினோம். பழைய இஞ்சினை நன்றாகப் பரிசோதித்து வாங்க முடியுமானால் வாங்குவது, முடியாவிட்டால் இன்னும் ஒரு வருடம் பொறுத்துக் காசு சேர்ப்பது என்று முடிவாயிற்று.

முதலில் புதியதையும் பார்த்து வருவோம் என்று பட்டினத்துக் கடை ஒன்றுக்குப் போனோம். விற்பனையாளர் அக்காவையும் என்னையும் தாண்டித் தம்பியைப் பார்த்து, "அண்ணை, எத்தனை குதிரைவலு பாக்கிறியள்?" என்றார். தம்பி சிரித்துக்கொண்டு, "காசு அக்காட்டை இருக்கு. அவவைக் கேளுங்கோ" என்றார். அதன் பிறகுதான் எங்களுக்குக் கதிரை வந்தது. அங்கே பயனுள்ள பல விடயங்களை அறிந்தோம். டூ ஸ்ரோக் இஞ்சின் பாரம் குறைந்தது, அமைப்பும் எளிது. பெற்றோலுடன் ஒயில் கலந்து ஓட்ட வேண்டும். போர் ஸ்ரோக் எண்ணெய் குறைவாகக் குடிக்கும். ஆனால் விலை கூட, பாரமும் கூட, ஊர் மெக்கானிக் எல்லோருக்கும் அதன் வேலை தெரியாது. தொழிலுக்குப் பாவிக்கும் இஞ்சினுக்கு உத்தரவாதக் காலம் குறைவாக இருக்கலாம் என்பதையும் அங்கேதான் தெரிந்துகொண்டோம். புதியது வாங்கும் சகோதரிகள் உத்தரவாதத் தாளை வாசித்து, எத்தனை மாதம், எவற்றுக்கெல்லாம் பொருந்தும், சேர்விஸ் எங்கே செய்ய வேண்டும் என்று கேட்டபின்பே காசைக் கொடுக்க வேண்டும்.

பிறகு பழைய இஞ்சின் தேடினோம். ஊரில் 30 வருடமாக இஞ்சின் திருத்தும் ஐயா ஒருவரைக் கூலி பேசிக் கூட்டிச் சென்றோம். அவருக்குக் கொடுத்த கூலியைப் போலப் பயன்பட்ட செலவு வேறில்லை.

முதலாவதாகப் பார்த்த இஞ்சின் பளபளவென்று இருந்தது. கயிற்றை ஒருதரம் இழுத்தவுடனேயே ஸ்ராட் ஆனது. தம்பிக்கு முகம் மலர்ந்துவிட்டது. ஐயா மட்டும் அதை நிறுத்தச் சொல்லிவிட்டு, "கைவைச்சுப் பார் பிள்ளை, நாங்கள் வர முந்தியே சூடாக்கி வைச்சிருக்கினம்" என்றார். உரிமையாளர், "காலமை சும்மா ஒருக்கா ஓட்டிப் பாத்தனான்" என்றார். குளிர்ந்த இஞ்சின் ஸ்ராட் ஆகிறதா என்பதே உண்மையான பரிசோதனை என்பதை நாங்கள் அன்று அறிந்தோம். ஐயா அடுத்து, கீழே கியர்ப் பெட்டியில் இருக்கும் ஆணியைக் கழற்றி ஒயிலைக் கொஞ்சம் வடியவிட்டார். பால் கலந்த தேநீர் போல வந்தது. ஒயிலுக்குள் தண்ணீர் போயிருக்கிறது என்பதற்கு அது அடையாளம். சீல் பழுதாகி, உள்ளே பற்சக்கரங்கள் துருப்பிடிக்கத் தொடங்கியிருக்கலாம். புதுப் பெயின்ற் எல்லாம் அதை மறைக்கத்தான். நாங்கள் தேநீரை மட்டும் குடித்துவிட்டு எழும்பினோம்.

இரண்டாவது இஞ்சின் பார்ப்பதற்கு அழகில்லை. மூடியில் கீறல்கள், பெயின்ற் மங்கிப்போயிருந்தது. அதன் சொந்தக்காரர் வயதுபோய்க் கடற்றொழிலை விட்டவர். வாங்கிய பற்றுச்சீட்டை ஒரு தகரப் பெட்டியில் வைத்திருந்தார். ஒவ்வொரு நாளும் கடலால் வந்ததும் நல்ல தண்ணீர்ப் பீப்பாவில் விட்டு ஓட்டிக் கழுவிய இஞ்சின் என்றார். ஐயா ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிளக்கைக் கழற்றிவிட்டு அந்தத் துவாரத்தில் அளவுகருவியைப் பொருத்தி, கயிற்றை இழுத்து கொம்பிரசன் பார்த்தார். 2 சிலிண்டருக்கும் கிட்டத்தட்ட ஒரே அளவு வந்தது. பத்தில் ஒரு பங்குக்கு மேல் வித்தியாசம் இருந்தால் வாங்க வேண்டாம் என்றார். பீப்பாவில் வைத்து ஓட்டியபோது, இஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீர் பின்பக்கத் துவாரத்தால் தடையின்றிப் பாய்கிறதா என்று பார்த்தார். முன், பின், நடு என்று கியர் மூன்றும் சத்தமின்றி விழுகின்றனவா, விசிறி சுற்றும்போது அதன் தண்டு நெளிகிறதா என்றும் பார்த்தார். மேற்பகுதி ஆணிகளைத் தடவி, கழற்றிப் பூட்டிய தடம் இருக்கிறதா என்று தேடினார். கடைசியாக, இஞ்சினில் பொறித்திருந்த இலக்கமும் பற்றுச்சீட்டில் இருந்த இலக்கமும் ஒன்றா என்று அக்காவையே வாசித்துப் பார்க்கச் சொன்னார். இலக்கம் அழிந்த இஞ்சின், சுரண்டிய இஞ்சின் எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். அது களவுச் சாமானாக இருந்தால், பொலிஸுக்கு அலைய வேண்டியவர் வாங்கியவர்தான்.

அக்கா அதையே வாங்கினார். ஆனால் கையில் இருந்த காசு முழுவதையும் அதற்குக் கொடுக்கவில்லை. இதைச் சகோதரிகள் கவனிக்க வேண்டும். கையில் 100 ரூபா இருந்தால் 60 ரூபாவுக்குள் இஞ்சினை வாங்கி, 15 ரூபாவை உடனடித் திருத்த வேலைக்கும், 25 ரூபாவைக் கடல் கொந்தளிக்கும் மாதங்களுக்கும் ஒதுக்குவது என்று நாங்கள் முன்பே எழுதி வைத்திருந்தோம். வாங்கிய கிழமையிலேயே தண்ணீர் இறைக்கும் இறப்பர் சக்கரம், பிளக்குகள், கியர் ஒயில், எண்ணெய்க் குழாய் எல்லாம் புதிதாக மாற்றப்பட்டன. பழைய இஞ்சினின் விலை என்பது அதை விற்பவர் சொல்லும் தொகை மட்டுமல்ல. இந்தச் செலவையும் சேர்த்ததுதான் விலை.

எண்ணெய்ச் செலவையும் மறக்கக் கூடாது. 2022 ஆவணியில் மண்ணெண்ணெய் லீற்றர் ஒன்று 87 ரூபாவிலிருந்து ஒரேயடியாக 340 ரூபாவானது எல்லோருக்கும் நினைவிருக்கும். அதற்கு முந்திய மாதங்களில் எண்ணெய் இல்லாமலே படகுகள் கரையில் கிடந்தன. ஆகவே தேவைக்கு மிஞ்சிய குதிரைவலு வேண்டாம். கரையோரத்தில் நண்டு வலை போடும் சிறிய படகுக்கு, ஆழ்கடலுக்கு ஓடுபவர்களின் இஞ்சின் எதற்கு? களப்பில் மட்டும் தொழில் செய்யும் பெண்களுக்கு இஞ்சினே தேவையில்லாமல் இருக்கலாம். வாங்காமல் விடுவதும் ஒரு தெரிவுதான்.

நான் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தவள். சொத்து ஒருவரின் பெயரில் இருப்பதும், அந்தச் சொத்தைப் பற்றிய முடிவு அவரின் கையில் இருப்பதும் வேறு வேறு என்று அங்கே படித்தோம். அதன் முழுப் பொருளையும் நான் விளங்கிக்கொண்டது இந்தக் கரையில்தான். படகு பெண்ணின் பெயரில் இருக்கும். இஞ்சின் பழுது என்று எவராவது வந்து சொன்னால், கேட்ட காசை அவர் கொடுப்பார். எது பழுது, எவ்வளவு செல்லும் என்று அவருக்குத் தெரியாது. கடலுக்குப் போகாத சொந்தக்காரி என்றாலும் இஞ்சினைத் தெரிந்த சொந்தக்காரியாக இருக்க வேண்டும். அதனால்தான் ஐயாவிடம் அக்காவுக்கும் பாடம் சொல்லித்தரக் கேட்டோம். இப்போது பிளக் கழற்றித் துடைத்துப் பூட்ட அவருக்குத் தெரியும். ஒயில் எந்த அளவில் கலப்பது, கியர் ஒயில் எப்போது மாற்றியது, எத்தனை மணித்தியாலம் ஓடியது என்றெல்லாம் கொப்பியில் எழுதி வைக்கிறார். சென்ற மாதம் தம்பி, "கியர் ஒயில் பிறகு பாப்பம்" என்றபோது, கொப்பியைக் காட்டி, "நாளைக்குக் கடலுக்குப் போக முந்தி மாத்து" என்றாராம்.

எழுத்து வேலைகளையும் அன்றைக்கன்றே முடித்தோம். விற்பனைக் கடிதத்தில் இஞ்சின் இலக்கம் எழுதி, இரண்டு சாட்சிகளும் சங்கத் தலைவரும் கையொப்பமிட்டார்கள். கடற்றொழில் பரிசோதகரின் அலுவலகத்துக்குப் போய்ப் படகின் பதிவையும் அக்காவின் பெயரில் சீராக்கிக்கொண்டோம். 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ்க் கடற்றொழில் கலங்கள் பதியப்பட வேண்டும். நிவாரணம், மானியம், நட்டஈடு என்று எது வந்தாலும் முதலில் கேட்கப்படுவது இந்தப் பதிவைத்தான். "தம்பியின்ர பேரில கிடக்கட்டும், அவன்தானே ஓடுறான்" என்று சிலர் சொன்னார்கள். தம்பி நல்லவர். ஆனாலும் காசு போட்டவரின் பெயரில் தாள் இருப்பதுதான் இருவருக்கும் நல்லது. நாளைக்கு மனவருத்தம் வராது.

படகில் இப்போது எப்போதும் இரண்டு தண்டுகள், நங்கூரம், மேலதிக பிளக்குகள், உயிர்காப்பு அங்கி, பொலித்தீன் உறையில் கைத்தொலைபேசி ஆகியவை இருக்கின்றன. இஞ்சின் புதியதோ பழையதோ, இவை இல்லாமல் படகைத் தள்ள அக்கா விடுவதில்லை.

சகோதரிகளே, தையல் மெசினாக இருக்கலாம், அரைக்கும் மெசினாக இருக்கலாம், தண்ணீர்ப் பம்பியாக இருக்கலாம். கடன்படாமல் வாங்க முடியுமானால், திருத்துவதற்கு ஆள் கிட்ட இல்லாவிட்டால், புதியதை வாங்குங்கள். கடன்பட்டுத்தான் புதியது வாங்கலாம் என்றால், நம்பிக்கையான மெக்கானிக் ஒருவரோடு போய்ப் பழையதைப் பாருங்கள். அவர் தலையாட்டும்வரை காசை வெளியே எடுக்க வேண்டாம். இரண்டும் சரிவராவிட்டால் பொறுத்திருங்கள். வாங்கிய பொருளின் தாளை உங்கள் பெயரிலும், அதன் பாவனை விபரத்தை உங்கள் கொப்பியிலும் வைத்திருங்கள்.