பிடி அரிசி போன தூரம்

நாசரேத்,
ஞாயிறு மாலை



திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் போகும் பாசஞ்சரில் ஜன்னலோரம் இடம் கிடைத்தவர், நிலையத்துப் பெயர்ப் பலகைகளை விடாமல் வாசித்துக்கொண்டு வர வேண்டும். ஸ்ரீவைகுண்டம் கழிந்ததும் ஆழ்வார்திருநகரி, நம்மாழ்வாரின் ஊர். அதற்கு அடுத்த நிலையம் நாசரேத். பெட்டியில் பாதிப் பேர் பச்சை வேட்டியோடு முருகனைப் பார்க்கப் போகிறவர்கள். பலகையைப் பார்த்து அவர்களில் ஒருவர்கூடப் புருவத்தை உயர்த்துவதில்லை. வெளியூர்க்காரர்தான் இரண்டு முறை வாசிக்கிறார்.

இந்தப் பக்கத்தில் ஊர்ப் பெயர்களே பாதிக் கதையைச் சொல்லிவிடும். சாண்பத்து என்றிருந்தது நாசரேத் ஆயிற்று. நெடுவிளை மெஞ்ஞானபுரம் ஆயிற்று. கிறிஸ்தவர்களாக மாறியதால் சொந்த ஊரில் இருக்க முடியாமல் போனவர்கள் 1799ல் சாத்தான்குளத்துக்குப் பக்கத்தில் நிலம் வாங்கிக் குடியேறினார்கள். அந்த ஊருக்கு முதலூர் என்று பெயர் வைத்தார்கள். இன்றைக்கு முதலூர் என்றால் தேங்காய்ப் பாலில் கிண்டும் மஸ்கோத் அல்வாதான் பலருக்கும் நினைவு வருகிறது. அதிலும் தப்பில்லை.

நாசரேத்தில் இறங்கியவர் யாரிடம் பேச்சுக் கொடுத்தாலும் மர்காஷிஸ் ஐயர் வந்துவிடுவார். சபைக் குருவை ஐயர் என்று அழைப்பது இந்தச் சீமையின் பழக்கம். ஆர்தர் மர்காஷிஸ் என்ற ஆங்கிலேயர் 1876ல் இங்கே வந்து, 1908ல் இறக்கும்வரை இங்கேயே இருந்தார். அவர் வந்த வருடம்தான் தாது வருடப் பஞ்சம் தொடங்கியது. பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்கு அநாதை இல்லம் வைத்தார். சோறு போட்டால் மட்டும் போதாதென்று 1878ல் தொழிற்பள்ளியைத் தொடங்கினார். தச்சு, கருமான் வேலை, நெசவு என்று கையில் ஒரு தொழிலோடு பிள்ளைகள் வெளியே போனார்கள். அவருக்கு முன்பே, 1870ல், ஸ்ட்ராகன் என்ற மருத்துவர் தொடங்கிய சிகிச்சைதான் பிறகு தூய லூக்கா மருத்துவமனையாக வளர்ந்தது.

இவ்வளவும் கல்வெட்டிலும் நினைவு மலர்களிலும் இருக்கிற கதை. வெள்ளைக்கார ஐயர் வந்தார், பள்ளிக்கூடம் கட்டினார், ஆஸ்பத்திரி கட்டினார், பனைமரத்தடியில் இருந்த சனம் படித்து முன்னுக்கு வந்தது. பொய்யில்லை, ஆனால் பாதிதான் உண்மை.

மறுபாதிக்கு நாசரேத்தை விட்டு அதிக தூரம் போக வேண்டாம். பக்கத்தில் பிரகாசபுரம் இருக்கிறது. அருமைநாயகம் என்கிற சட்டம்பிள்ளை மிஷனில் உபதேசியாராக இருந்தவர், எபிரேயம் வரை கற்றவர். மிஷனரியோடு மோதி வேலையை இழந்தார். இடையன்குடியில் மிஷனரியாக இருந்த கால்டுவெல் 1849ல் ஆங்கிலத்தில் வெளியிட்ட ஒரு சிறு நூல் இங்குள்ள மக்களை இழிவாகச் சித்திரித்தது அவரைக் கொதிக்கவைத்தது. 1857ல் சட்டம்பிள்ளை அங்கே தனிச் சபையே தொடங்கிவிட்டார். வெள்ளைக்காரக் குருவும் வேண்டாம், அவர்கள் காசும் வேண்டாம், கிறிஸ்து மட்டும் போதும் என்பது அவருடைய கட்சி. ஓய்வுநாளைக்கூட ஞாயிறிலிருந்து சனிக்கு மாற்றினார். திராவிட மொழிகளுக்கு ஒப்பிலக்கணம் தந்த கால்டுவெல்லைக் கொண்டாடுகிறவர்கள், அவரிடம் கோபித்துக்கொண்டு போன இந்த மனிதரையும் ஒருமுறை எட்டிப் பார்ப்பது நல்லது.

பிரகாசபுரத்திலிருந்து தெற்கே போகப் போக மண் சிவக்கிறது. தேரிக் காடும் பனையும்தான் கண்ணுக்கெட்டிய தூரம் வரை. மெஞ்ஞானபுரம் வருவதற்கு வெகு முன்பே அதன் தேவாலயக் கோபுரம் பனந்தலைகளுக்கு மேலே தெரிந்துவிடும். உயரம் 192 அடி. வேல்ஸ் நாட்டுக்காரரான ஜான் தாமஸ் கட்டியது. 1868ல் கோபுரம் நிறைவேறி, இரண்டு வருடத்தில் அவரும் கண்ணை மூடினார். அண்ணாந்து பார்க்கத் தகுந்த கட்டடம். ஆனாலும் இந்தக் கடிதத்துக்கு முக்கியமான ஊர் அதற்குப் பக்கத்தில் கோபுர மிரட்டல் ஏதுமின்றி இருக்கிற வெள்ளாளன்விளை.

சபைக் குரு ஒருவரின் மகனாக வேதநாயகம் சாமுவேல் அசரியா 1874ல் அங்கே பிறந்தார். 1902ல் யாழ்ப்பாணம் போனபோது, அங்குள்ள தமிழ்ச் சபையார் தங்கள் செலவில் வெளியூர்களுக்கு ஊழியர்களை அனுப்புவதைப் பார்த்தார். நெல்லைச் சபைகளோ அவர்களைவிடப் பெரியவை, பழையவை. நூறு வருடமாக வாங்கிக்கொண்டே இருக்கிறோம், என்றைக்குக் கொடுக்கப்போகிறோம் என்ற கேள்வி அவரைக் குடைந்தது. 1903 பிப்ரவரி 12 அன்று பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் பிறந்தது. ஆள் இந்தியர், பணம் இந்தியருடையது, நிர்வாகமும் இந்தியரிடம். சங்கம் தேர்ந்தெடுத்த இடம் நிஜாம் ராஜ்யத்துத் தோர்ணக்கல். இன்றைய தெலங்கானா. சாமுவேல் பாக்கியநாதன் முதல் ஊழியராகப் போனார். பதநீர்ச் சீமையிலிருந்து போனவர் தெலுங்கை அட்சரத்திலிருந்து கற்க வேண்டியிருந்தது.

அசரியாவும் 1909ல் அங்கேயே போய்ச் சேர்ந்தார். மறுவருடம் எடின்பரோவில் நடந்த உலக மிஷனரி மாநாட்டில், மேல்நாட்டார் எல்லாவற்றையும் கொடுத்தார்கள், நட்பைத்தான் இன்னும் கொடுக்கவில்லை என்று அவர்கள் முகத்துக்கு நேராகவே பேசினார். அரங்கில் பலருக்கு அது கசந்தது. 1912ல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயரானார்.

பணம் எங்கிருந்து வந்தது? பெரிய தனவந்தர்களை நம்பி மட்டும் இந்தக் காரியம் ஓடவில்லை. உலையில் அரிசி போடுமுன் ஒரு பிடி எடுத்துத் தனிக் கலயத்தில் போட்டுவைப்பது சபைப் பெண்களின் வழக்கம். கலயம் நிறைந்ததும் அது சபைக் கோவிலுக்குப் போகும், அங்கே காசாகும். வீட்டில் அரிசி தட்டிய நாளிலும் அந்தப் பிடியைத் தவறவிடாத பாட்டிமார்களைப் பற்றி இங்கே வீட்டுக்கு வீடு பேச்சுண்டு. அவர்கள் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை. தெலுங்குச் சீமையில் முளைத்த பள்ளிக்கூடங்களின் கணக்கில், இந்தக் கலயங்களில் அளந்த அரிசியும் ஒரு பங்கு.

இப்போது கலயத்தின் இடத்தைப் பெரும்பாலும் காணிக்கைக் கவர் பிடித்துக்கொண்டது. ஆனால் அறுப்பின் பண்டிகையை அசைக்க முடியவில்லை. வாழைத்தார், தேங்காய், கருப்பட்டி, முருங்கைக்காய், கால் கட்டிய சேவல் எல்லாம் கோவிலுக்கு வரும். ஆராதனை முடிந்தால் ஏலம். கடையில் சில்லறைக்குக் கிடைக்கிற பூசணிக்காய்க்கு இரண்டு பேர் விடாமல் போட்டி போடுவார்கள். எடுத்தவர் அதை வீட்டுக்குக் கொண்டுபோக மாட்டார். கோவிலுக்கே திருப்பிக் கொடுப்பார், அதே காய் மறுபடி ஏலத்துக்கு வரும். சென்னையிலும் மும்பையிலும் கடை வைத்திருக்கிறவர்கள் இதற்கென்றே ஊருக்கு வருகிறார்கள். இதில் கொஞ்சம் வீம்பும் உண்டு. யார் பெரிய கை என்று ஊருக்குக் காட்டுகிற ஆசை பக்தியோடு சேர்ந்தேதான் ஏலம் கேட்கிறது. சபைத் தேர்தல் நேரத்தில் அந்த வீம்பு வழக்கும் வியாஜ்யமுமாக நீதிமன்றம் வரை போவதும் உண்டு. அதை மறைத்துக் கடிதம் எழுதினால் உள்ளூர்க்காரர்களே சிரிப்பார்கள்.

பண்டிகைகளில் அசனத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஊர் கூடிச் சமைத்து ஊரே உட்கார்ந்து சாப்பிடும் விருந்து. இரவெல்லாம் அடுப்பு எரியும். வெங்காயம் உரிக்கிற கூட்டத்தில் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றவரும் பள்ளித் தலைமையாசிரியரும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பார்கள். அக்கம்பக்கத்து இந்துக் குடும்பத்தாரும் வந்து பந்தியில் உட்காருவார்கள். வர முடியாத கிழவர்களுக்கும் நோயாளிகளுக்கும் பாத்திரத்தில் சோறு போகும்.

பாளையங்கோட்டையில் 1890ல் ஆஸ்க்வித் அம்மையார் தொடங்கிய பார்வையற்றோர் பள்ளியையும், 1897ல் ஸ்வெய்ன்சன் அம்மையார் தொடங்கிய காது கேளாதோர் பள்ளியையும் பற்றித் தனியாகவே ஒரு கடிதம் எழுத வேண்டும். இதில் நுழைத்தால் இரண்டுக்கும் நியாயம் இருக்காது.

அடுத்த அசனத்துக்கு நீங்கள் வருவதானால் முதல் நாள் சாயங்காலமே வந்துவிடுங்கள். அரிவாள்மனை பிடிக்கத் தெரிந்தால் வேலை உண்டு. மூடி போட்ட தூக்குவாளி ஒன்று கையில் இருக்கட்டும். சாப்பிட்டு முடித்தவரை இங்கே வெறுங்கையோடு அனுப்ப மாட்டார்கள்.