ஓடாத செயின்சா

"தூக்கிப் போட்ருடா" என்றார் அப்பா.

"ரிப்பேர் பண்ணிடலாம்பா" என்றேன் நான்.

மூன்று வாரமாக எங்கள் வீட்டில் இந்தப் பேச்சுதான். ஜெலுத்தோங்கில் எங்கள் அடுக்குமாடி வீட்டின் பின்பக்கம், துணி காயப்போடும் இடத்தில், கேஸ் தோங்குக்குப் பக்கத்தில் அந்தச் செயின்சா மூன்று வருடமாகக் கிடந்தது. எண்ணெய் நாற்றம் அடிக்கிறது, ஒரு நாள் வீடே எரியப் போகிறது என்பது அம்மாவின் கட்சி. அம்மாவும் அப்பாவும் ஒரே கட்சியில் இருப்பது அபூர்வம். அப்போதே நான் யோசித்திருக்க வேண்டும்.

சின்ன மெசின்தான். 30 சிசி, 14 அங்குலப் பட்டை. கூலிம் பக்கத்துத் தோட்டத்தில் பால்மரங்களைச் சாய்த்துவிட்டுச் செம்பனை நட்டபோது அப்பா ஒரு குத்தகைக்காரரிடம் வேலை செய்தார். மரம் சாய்க்கும் பெரிய மெசின் குத்தகைக்காரருடையது. கிளை கழிக்க இந்தச் சின்னதை அப்பா சொந்தக் காசில் வாங்கினார். பாட்டி பால் சீவிய மரங்களின் கிளைகளை அப்பா கழித்தார். தோட்டம் முடிந்ததும் தீவுக்கு வந்து, பங்களா வீடுகளிலும் கோயில்களிலும் மரம் கழிக்கும் வேலை. நான் படித்த பட்டத்தில் பாதியாவது இந்த மெசின் அறுத்துக் கொடுத்ததுதான்.

2017 நவம்பர் 4ஆம் தேதி இரவு பினாங்கில் புயலும் வெள்ளமும் வந்தபோது நான் நிபோங் தெபால் வளாகத்தில் பொறியியல் படித்துக்கொண்டிருந்தேன். தீவு முழுக்க மரங்கள் சாய்ந்து கிடந்தன. அப்பா ஒரு வாரம் வீடு தங்கவில்லை என்று அம்மா போனில் சொன்னார். அடுத்த முறை ஊருக்கு வந்தபோது, அப்பா தேநீர்க் குவளையை இரண்டு கையாலும் பிடித்துக் குடிப்பதைப் பார்த்தேன். குளிர்கிறது போல என்று நினைத்தேன். பினாங்கில்!

இப்போது எனக்கு பாயான் லெப்பாஸில் வேலை. பழுதாகி வரும் போர்டுகளைச் சரிசெய்வதா, ஸ்கிராப்பில் தள்ளுவதா என்று கையெழுத்துப் போடுவது என் அன்றாடம். கணக்கு எளிது: சரிசெய்யும் செலவு புதுசின் விலையில் பாதியைத் தாண்டினால் ஸ்கிராப். தாண்டும், பெரும்பாலும். நல்ல பொருளைத் தூக்கிப் போட்டுவிட்டு மாலையில் வீடு திரும்பும் குற்ற உணர்வு எனக்கு உண்டு.

அதோடு நான் பினாங்குக்காரன். எஸ்.எம். முகமது இட்ரிஸ் பல்லாண்டு தலைமை தாங்கிய பயனீட்டாளர் சங்கம் இருக்கும் ஊர் இது. தூக்கியெறியும் பழக்கத்துக்கு எதிரான அவர்களின் பேச்சைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். பிரான்சில் 2021 முதல் சில மின்பொருள்களுக்கு, எவ்வளவு எளிதாகப் பழுதுபார்க்கலாம் என்று மதிப்பெண் போட்டுத்தான் விற்க வேண்டும் என்று படித்தபோது ஏதோ எனக்கே வெற்றி கிடைத்த மாதிரி இருந்தது. பழுதுபார்ப்பது நல்லது. இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரித்தேன். செயின்சாவைச் சாய்த்தும் கவிழ்த்தும் பிடித்து அறுக்க வேண்டும். அதனால் மோட்டார் சைக்கிளில் இருப்பதுபோல மிதவை வைத்த கார்புரேட்டர் இதற்கு உதவாது. மெல்லிய சவ்வு ஒன்று துடித்துத் துடித்துப் பெட்ரோலை இழுத்துக் கொடுக்கும். மூன்று வருடம் பழைய பெட்ரோலில் ஊறிய அந்தச் சவ்வு அப்பளம் மாதிரி விறைத்திருந்தது. எண்ணெய்க் குழாயில் வெடிப்பு. பிஸ்டனில் கீறல் இல்லை, அழுத்தமும் நன்றாகவே இருந்தது. உயிர் இருக்கிறது என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா பதில் சொல்லவில்லை.

சவ்வு, குழாய், பிளக் எல்லாம் சேர்த்து 63 வெள்ளி. அதே அளவில் நல்ல மெசின் புதிதாக வாங்கினால் 900 வெள்ளிக்குக் குறையாது. என் தொழிற்சாலைக் கணக்கில் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடலாம்.

பிரிக்கும்போது இன்னொன்றும் பார்த்தேன். கைப்பிடிக்கும் எஞ்சினுக்கும் நடுவே ரப்பர்க் கட்டைகள் இருக்கும். எஞ்சினின் உதறல் கைக்கு ஏறாமல் தடுக்க. மூன்றில் இரண்டு பிய்ந்துபோய், அந்த இடத்தில் அப்பா சைக்கிள் டியூபை வெட்டிச் சுருட்டித் திணித்திருந்தார். கடைக்காரத் தவுக்கேயிடம் கேட்டேன். இந்த மாடலுக்கு இனி வராது என்றார். சரி, அது ஓடுவதற்குத் தடையில்லை என்று விட்டுவிட்டேன்.

அடுக்குமாடியில் ஓட்டிப் பார்க்க முடியாது. நிபோங் தெபாலில் சித்தப்பா வீட்டுக்குக் கொண்டுபோனோம். அப்பாவும் வந்தார், வேண்டாம் வேண்டாம் என்றபடியே. ஐந்தாவது இழுப்பில் பிடித்துக்கொண்டது. அந்தச் சத்தத்தில் எனக்குக் கண் கலங்கியது உண்மை. ரம்புத்தான் மரத்தின் காய்ந்த கிளையை அறுக்க ஆரம்பித்தேன். பத்து நிமிடத்தில் முழங்கை வரை எறும்பு ஊர்ந்தது. நிறுத்திய பிறகும் விரல்கள் என்னுடையவையாக இல்லை.

"குடு" என்று அப்பா வாங்கினார். நான் இழுபறியாய் அறுத்ததை அவர் வெண்ணெய் மாதிரி அறுத்தார். 63 வயது. மீதிக் கிளைகளையும் முடித்துவிட்டுத்தான் கீழே வைத்தார். சித்தி தேநீர் கொடுத்தார். அப்பா இரண்டு கையாலும் வாங்கினார். வாங்கியும் கொஞ்சம் சிந்தியது.

அன்றிரவு தேடிப் படித்தேன். 1960களிலேயே ஜப்பானின் வனத் தொழிலாளர்களிடம் இது பெரிய பிரச்சினையாகியிருக்கிறது. குளிர் நாடுகளில் விரல்கள் வெளுத்துப்போகும், அதனால் வெள்ளை விரல் நோய் என்று பெயர். நம் வெயிலில் விரல் அப்படி வெளுப்பது அரிது. அதனால் யாருக்கும் தெரிவதில்லை. நரம்புதான் கெடும். கை மரத்துப்போகும். மரம் கழித்த கை மரத்துப்போவது. தமிழில் இதற்கு வேறு பெயரே தேவையில்லை.

அதிர்வால் வரும் நோய், 1969ஆம் ஆண்டின் சொக்சோ சட்டத்தில் தொழில்சார் நோய்ப் பட்டியலில் இருக்கிறது. ஆனால் அப்பாவுக்கு சொக்சோ கட்டிய முதலாளி யாருமில்லை. மரக் கணக்குக்குத்தான் சம்பளம். ரப்பர்க் கட்டை மாற்ற ஒரு நாள் கடைக்குப் போனால் ஒரு நாள் சம்பளம் போச்சு. அதனால் சைக்கிள் டியூப். என் நான்கு வருடப் படிப்பும் அந்த டியூப் மேல்தான் ஓடியிருக்கிறது.

அன்று மாலை திரும்பி வரும்போதே, பாலத்தின் மேல், அப்பா ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொல்லியிருந்தார்: "அது ஓடுச்சுன்னா நான் எடுத்துருவேன்டா. கோயில்ல கூப்பிடுவாங்க, பக்கத்து வீட்ல கூப்பிடுவாங்க. மாட்டேன்னு சொல்ல எனக்கு வராது. ஓடலன்னா, ஓடலன்னு சொல்லிட்டு உட்கார்ந்திருப்பேன்."

மூன்று வருடம் அந்த மெசின் பழுதாகக் கிடக்கவில்லை, அப்பாவைக் காப்பாற்றிக்கொண்டு கிடந்தது. பழுதுபார்ப்பது நல்லதா என்று மட்டும்தான் நான் கேட்டிருந்தேன். பழுது நீங்கியதும் யாருடைய கைக்கு அது திரும்பிப் போகும் என்று கேட்கவில்லை. என் தொழிற்சாலைப் படிவத்திலும் அதற்குக் கட்டம் இல்லை.

பெட்ரோலை வடித்தேன். கார்புரேட்டரைக் கழற்றி ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு அலுவலக மேசை டிராயரில் வைத்துவிட்டேன். அடுத்த வாரமே கோயிலிலிருந்து ஓர் அண்ணன் போன் செய்தார், வேப்பங்கிளை கூரையில் இடிக்கிறதாம். "மெசின் கெட்டுப் போச்சுண்ணே, சாமான் கிடைக்கல" என்றேன். ரப்பர்க் கட்டை கிடைக்கவில்லை என்பதால் அது முழுப்பொய்யும் இல்லை. ஆள் வைத்து வெட்ட 150 வெள்ளி ஆனது, நான் கொடுத்தேன். ரிப்பேர் செலவைவிட இரண்டு மடங்குக்கும் மேல்.

கை நரம்பைச் சோதிக்க ஆஸ்பத்திரியில் தேதி வாங்கியிருக்கிறேன். வரமாட்டேன் என்கிறார் அப்பா.

"அதெல்லாம் எதுக்குடா" என்கிறார், "பழைய கை."