தன் தசை ஆடும்

மார்ச் மாதம் பிறந்தால் அமெரிக்காவில் கல்லூரிக் கூடைப்பந்தைத் தவிர வேறு பேச்சில்லை. 68 அணிகள் களமிறங்கும் தேசியப் போட்டித் தொடரில் தோற்ற அணி அன்றே மூட்டை கட்ட வேண்டும். ஏப்ரல் முதல் வாரத்தில் ஒரே ஓர் அணி எஞ்சும். இந்த ஆரவாரத்துக்கு அடியில், அதே மாதத்தில், வேறொன்றும் ஆண்டுதோறும் தவறாமல் நடக்கிறது. தொடருக்குத் தகுதி பெறாத அல்லது எதிர்பார்த்த தூரம் செல்லாத அணிகளின் பயிற்சியாளர்கள் வேலையிலிருந்து நீக்கப்படுகிறார்கள். பல்கலைக்கழகம் சுருக்கமாக ஓர் அறிக்கை வெளியிடும். அதில் நன்றி இருக்கும், வாழ்த்து இருக்கும். மறுநாளே அடுத்தவர் யார் என்ற ஊகங்கள் தொடங்கிவிடும்.

இவ்விளையாட்டைத் தொடர்ந்து பார்த்துவரும் நமக்குக் கோப்பையைத் தூக்கியவர்களைவிட இந்த நீக்கப்பட்ட மனிதர்களே அதிகம் நினைவில் தங்குகிறார்கள். நவம்பரில் புதிய பருவம் தொடங்கும். பழைய அணி அதே நிறச் சீருடையில் களமிறங்கும். தொலைக்காட்சியின் முன் அமர்ந்திருக்கும் அந்தப் பழைய பயிற்சியாளர் எந்தப் பக்கம் வெல்ல வேண்டும் என்று நினைப்பார்? தம்மைத் துரத்தியவர்கள் தோற்க வேண்டும் என்றா? தாம் தேர்ந்தெடுத்து வளர்த்த பிள்ளைகள் வெல்ல வேண்டும் என்றா? இரண்டும் ஒரே அணிதான் என்பதில் இருக்கிறது அவருடைய துயரம்.

வேறெந்த வேலையிலும் இல்லாத ஒரு சிக்கல் இவ்வேலையில் உண்டு. தொழில்முறை அணியின் பயிற்சியாளரிடம் வளர்ந்த ஆட்கள் சம்பளத்துக்கு ஆடுகிறார்கள். கல்லூரிப் பயிற்சியாளரோ பதினாறு, பதினேழு வயதுப் பையன்களைத் தேடிப் பள்ளிக்கூட ஆடுகளங்களுக்குப் போகிறார். அவர்கள் வீட்டு வரவேற்பறையில் அமர்ந்து தாயிடமும் பாட்டியிடமும் வாக்குக் கொடுக்கிறார்: பையனைப் பார்த்துக்கொள்கிறேன், படிக்க வைக்கிறேன், ஆளாக்கி அனுப்புகிறேன். பையன் கையெழுத்திடுவது பல்கலைக்கழகத்தின் தாளில். மனத்தளவில் அவன் கையெழுத்திடுவது இந்த மனிதரின் பெயரில். இன்னொரு பக்கம், பல மாநிலங்களில் அரசு ஊழியர்களிலேயே மிக அதிகச் சம்பளம் வாங்குபவர் அரசுப் பல்கலைக்கழகத்தின் கால்பந்து அல்லது கூடைப்பந்துப் பயிற்சியாளர்தான். தந்தையின் பொறுப்பும் பெருவணிகத்தின் ஊதியமும் ஒரே நாற்காலியில் அமர்ந்திருக்கின்றன. நீக்கம் வரும்போது வணிகம் ஒப்பந்தப்படி கணக்குத் தீர்க்கப்படுகிறது. தந்தைக்கு அப்படி ஒரு கணக்கு இல்லை.

பாப் நைட்டின் கதை இவ்வகையில் மிகப் பெரியது. 1971-இல் இண்டியானா பல்கலைக்கழகத்துக்கு வந்த அவர் 29 பருவங்கள் அங்கே இருந்தார். 1976, 1981, 1987 என மூன்று தேசியப் பட்டங்கள். 1976-ஆம் ஆண்டு அணி ஆடிய 32 ஆட்டங்களிலும் வென்றது. ஆடவர் முதல்நிலைப் போட்டிகளில் தோல்வியே காணாமல் பட்டம் பெற்ற அணி அதற்குப் பிறகு ஒன்றுகூட இல்லை. அவர் சாந்தமூர்த்தி அல்லர். 1985-இல் பர்டியூ அணிக்கு எதிரான ஆட்டத்தில் நாற்காலியைத் தூக்கி ஆடுகளத்தின் குறுக்கே எறிந்தார். பயிற்சியின்போது ஒரு வீரரின் கழுத்தில் அவர் கைவைக்கும் காணொளி 2000-இல் தொலைக்காட்சியில் வெளியானது. பல்கலைக்கழகத் தலைவர் மைல்ஸ் பிராண்ட், இனி எவ்வகை அத்துமீறலும் பொறுக்கப்படாது என்று எச்சரித்தார். அதே ஆண்டு செப்டம்பர் 10 அன்று, ஒரு மாணவருடன் ஏற்பட்ட பூசலைத் தொடர்ந்து நைட் நீக்கப்பட்டார். அன்றிரவு ஆயிரக்கணக்கான மாணவர்கள் திரண்டு தலைவரின் இல்லத்தை நோக்கிச் சென்றார்கள்.

அந்த நீக்கம் நியாயமா என்பதல்ல நம் கேள்வி. நியாயம் என்றே பலர் கருதினார்கள், அதற்கு வலுவான காரணங்களும் இருந்தன. ஆனால் நீக்கப்பட்டவரின் மனம் நியாய அநியாயத்தைப் பொறுத்துக் கனப்பதில்லை. தவறு செய்து வெளியேற்றப்பட்டவருக்கும் வீடு வீடுதான்.

அடுத்து நடந்ததைக் கவனிக்க வேண்டும். நைட்டின் உதவியாளரான மைக் டேவிஸ் அணியின் பொறுப்பை ஏற்றார். 2002-இல் அவ்வணி யாரும் எதிர்பாராத வகையில் தேசிய இறுதியாட்டம்வரை சென்று மேரிலாந்திடம் தோற்றது. அதன் முக்கிய வீரர்கள் பலர் நைட் தேர்ந்தெடுத்தவர்கள். அவர்களுள் ஒருவரான ஜாரெட் ஜெஃப்ரிஸ் பல்கலைக்கழகம் அமைந்துள்ள ப்ளூமிங்டன் ஊரின் பையன். நைட்டுக்காக ஆட வந்தவர், அவருக்குக் கீழ் ஓர் ஆட்டம்கூட ஆட வாய்க்கவில்லை. இறுதிக்குச் செல்லும் வழியில் அந்த அணி வீழ்த்தியது முந்தைய ஆண்டின் பட்டதாரியான ட்யூக்கை. ட்யூக்கின் பயிற்சியாளர் மைக் ஷஷெவ்ஸ்கி, இராணுவக் கல்லூரியில் நைட்டிடம் ஆடிய மாணவர். தம்மை வெளியேற்றிய ஊரின் அணி, தம் உதவியாளரின் தலைமையில், தாம் தேர்ந்தெடுத்த பிள்ளைகளைக் கொண்டு, தம் பழைய மாணவரின் அணியைத் தோற்கடிக்கிறது. நைட் அப்போது டெக்சாஸ் டெக் அணியின் பயிற்சியாளர். அவ்வெற்றியை எந்த மனத்தோடு பார்ப்பது? மகிழ்ந்தால் தன்மானம் இடிக்கும், வெறுத்தால் தன் கைவேலையையே வெறுத்ததாகும்.

தான் ஆடாவிட்டாலும் தன் தசை ஆடும் என்பார்கள். இரத்த உறவுக்குச் சொன்ன பழமொழி அது. ஆயினும் நீக்கப்பட்ட பயிற்சியாளரின் நிலைக்கு இதைவிடப் பொருத்தமான சொல் நமக்குத் தெரியவில்லை.

இந்தத் தசை நான்கே ஆண்டுகளில் மாறிவிடுகிறது என்பதுதான் இதில் கொடுமை. கல்லூரியில் ஒரு வீரருக்குரிய ஆட்ட ஆண்டுகள் வழக்கமாக நான்கு. நீக்கம் நடந்த நான்கைந்து ஆண்டுகளில் பழைய பயிற்சியாளர் கொண்டுவந்த கடைசிப் பையனும் படிப்பை முடித்துப் போய்விடுவான். அதன்பின் அந்த நிறச் சீருடையில் ஓடுபவர்களில் ஒருவரைக்கூட அவருக்குத் தெரியாது. பாசத்துக்கான காரணம் அணியைவிட்டுப் போய்விட்டது. கோபத்துக்கான காரணம் மட்டும் கட்டடமாக, முத்திரையாக, நிர்வாகமாக அங்கேயே நிற்கிறது. கோபத்தைக் கரைக்க உள்ளே யாரும் இல்லை. நீக்கப்பட்டவர்களின் கசப்பு ஆண்டுகள் செல்லச் செல்லக் குறையாமல் இறுகிப்போவதற்கு இதுவே காரணம் என்று நமக்குத் தோன்றுகிறது.

நைட்டின் கசப்பு அப்படித்தான் இறுகியது. 2009-இல் இண்டியானா பல்கலைக்கழகம் தன் புகழ்மண்டபத்தில் அவர் பெயரைச் சேர்த்தபோது அவர் வரவில்லை. 1976 அணியின் நாற்பதாம் ஆண்டு விழா 2016-இல் நடந்தது. வீரர்கள் கூடினார்கள், பயிற்சியாளர் இல்லை. 2017-இல் ஒரு வானொலி நேர்காணலில், தம்மை நீக்கிய நிர்வாகிகள் அனைவரும் இறந்துபோயிருக்க வேண்டும் என்று விரும்புவதாகவே அவர் சொன்னார். கேட்கக் கூசும் பேச்சு. பிராண்ட் 2009-லேயே காலமாகிவிட்டிருந்தார். அதே நேர்காணலில் இண்டியானாவின் இரசிகர்களைப் பற்றிக் கேட்டபோது, அவர்களை எப்போதும் தமக்குப் பிடிக்கும் என்றும் சொன்னார். ஒரே வாயிலிருந்து வந்த இவ்விரு சொற்களையும் சேர்த்தே படிக்க வேண்டும். வெளியில் இருக்கும் நாம் 'பழைய அணி' என்று ஒரு சொல்லில் அடக்கிவிடுவது அவருக்குள் பலவாகப் பிரிந்து கிடக்கிறது. அலுவலகம் வேறு, ஊர் வேறு, பிள்ளைகள் வேறு.

2019-இல் அவர் ப்ளூமிங்டனுக்கே குடிவந்தார். 2020 பிப்ரவரி 8 அன்று, அதே பர்டியூ அணிக்கு எதிரான ஆட்டத்தின் இடைவேளையில், இருபது ஆண்டுகளுக்குப் பிறகு அசெம்ப்ளி ஹாலுக்குள் நுழைந்தார். வயது 79, தளர்ந்த நடை. மகனும் ஐசையா தாமஸ், குவின் பக்னர் போன்ற பழைய மாணவர்களும் உடனிருந்தார்கள். அவர்களுக்கும் அப்போது அறுபதை ஒட்டிய வயது. அந்தப் பதிவைப் பார்த்தபோது நமக்குப் பட்டது ஒன்றுதான். அவரைத் திரும்ப அழைத்துவந்தது பல்கலைக்கழகத்தின் அழைப்பிதழ் அன்று. அழைப்பிதழ்கள் முன்பும் போயிருக்கின்றன. தாம் ஆளாக்கிய பிள்ளைகளின் கைகளைப் பிடித்துக்கொண்டுதான் அவர் அந்த வாசலைத் தாண்டினார். முட்டியை உயர்த்தித் தடுப்பாட்டத்துக்கான முழக்கத்தை எழுப்பினார். அரங்கமே சேர்ந்து முழங்கியது. இண்டியானா அன்று தோற்றது. அதை யாரும் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை. 2023 நவம்பர் 1 அன்று நைட் காலமானார்.

நோலன் ரிச்சர்ட்சனின் கதை வேறு வகை. அமெரிக்கத் தென்பகுதியின் பெரிய பல்கலைக்கழகங்களில் இப்பொறுப்பை ஏற்ற முதல் சில கறுப்பினத்தவர்களுள் அவர் ஒருவர். 1985-இல் ஆர்கன்சாவுக்கு வந்தார். இரண்டாம் ஆண்டில் அவருடைய மகள் இரத்தப் புற்றுநோயில் இறந்தாள். அணியும் அப்போது தடுமாறிக்கொண்டிருந்தது, வசைகளுக்குக் குறைவில்லை. 1994-இல் அதே அணி ட்யூக்கை வென்று தேசியப் பட்டம் பெற்றது. 2002 பிப்ரவரி இறுதியில், மற்றவர்களுக்கு உள்ள அளவுகோல் தமக்கு இல்லை, தாம் கறுப்பினத்தவர் என்பதால் வேறாக நடத்தப்படுகிறோம் என்று செய்தியாளர்களிடம் வெடித்தார். மார்ச் 1 அன்று நீக்கப்பட்டார். இனப் பாகுபாடு என்று வழக்குத் தொடுத்தார். 2004-இல் வழக்கு தள்ளுபடியானது.

நைட் ஊரைவிட்டுப் போனார். ரிச்சர்ட்சன் போகவில்லை. அதே ஃபயட்வில்லுக்கு அருகில், தம் பண்ணையிலேயே தொடர்ந்து வாழ்ந்தார். கோபம் கொண்ட வீட்டின் எதிர்த்திண்ணையில் உட்கார்ந்திருப்பது போன்ற வாழ்க்கை அது. 2011-இல் அவருடைய மாணவரும் நெடுநாள் உதவியாளருமான மைக் ஆண்டர்சன் ஆர்கன்சாவின் பயிற்சியாளரானார். 2019 மார்ச்சில் ஆண்டர்சனும் நீக்கப்பட்டார். அதே ஆண்டில்தான் அப்பல்கலைக்கழகம் தன் ஆடுகளத்துக்கு நோலன் ரிச்சர்ட்சனின் பெயரைச் சூட்டியது. ஆசிரியருக்கு மாலை, மாணவருக்கு வழியனுப்பு. நிறுவனங்களுக்கு நினைவாற்றல் உண்டு. ஆனால் அது தனக்கு வசதியான காலத்தில் மட்டுமே விழித்துக்கொள்கிறது.

ஆண்டர்சன் பின்னர் நியூயார்க்கின் செயின்ட் ஜான்ஸ் பல்கலைக்கழகத்துக்குப் போனார். அங்கும் 2023-இல் நீக்கப்பட்டார். அந்த இடத்துக்கு வந்தவர் ரிக் பிட்டினோ. அவரும் 2017-இல் லூயிவில் பல்கலைக்கழகத்தால் நீக்கப்பட்டவர். பிட்டினோவின் அணி 2013-இல் தேசியப் பட்டம் வென்றபோது, வீரர்களிடம் கொடுத்த வாக்கின்படி அறுபது வயதில் முதுகில் பச்சை குத்திக்கொண்டார்: லூயிவில்லின் எழுத்து, ஆண்டு, வெற்றிக் கணக்கு. இளம் வீரர்களை ஈர்க்க ஊழியர் ஒருவர் செய்த தகாத ஏற்பாடுகள் வெளிப்பட்டதால் 2018-இல் அந்தப் பட்டம் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டது. அரங்கில் தொங்கிய கொடி இறக்கப்பட்டது. தமக்கு எதுவும் தெரியாது என்றே பிட்டினோ சொல்லிவந்தார். பல்கலைக்கழகத்தின்மீது அவர் தொடுத்த வழக்கு 2019-இல் சமரசமாக முடிந்தது. அவருக்குப் பணம் கிடைக்கவில்லை. 'நீக்கம்' என்ற சொல் 'விலகல்' என்று மாற்றப்பட்டது. ஒரு சொல்லுக்காக ஒருவர் கோடிக்கணக்கான டாலர் வழக்கை விட்டுக்கொடுத்திருக்கிறார். அவர் பெற விரும்பியது என்ன என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? அந்த அணி தம்மை வேண்டாம் என்று சொன்ன வரி எங்கும் எழுதப்பட்டிருக்கக் கூடாது, அவ்வளவே. பல்கலைக்கழகம் கொடியை இறக்கிவிட்டது. பச்சையை இறக்க முடியாது.

நீக்கப்பட்ட பயிற்சியாளருக்குப் பழைய அணியின்மீது இருப்பது அன்பா, வெறுப்பா என்று கேட்பதே பிழையான கேள்வி என்று இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்க்கும்போது தோன்றுகிறது. வெறுப்பு கட்டடத்தின் மேல், அன்பு அதற்குள் வந்து போனவர்கள் மேல். கட்டடம் நிலைக்கிறது, வந்தவர்கள் போய்விடுகிறார்கள். போனவர்கள் ஒருநாள் திரும்பிவந்து கூட்டிச் சென்றாலன்றி அவரால் அந்த வாசலை மிதிக்க முடிவதில்லை.

இன்று இந்த அமைப்பே மாறிவருகிறது. முன்பெல்லாம் வேறு கல்லூரிக்கு மாறும் வீரர் பொதுவாக ஓராண்டு ஆடாமல் காத்திருக்க வேண்டும். 2021-இல் அவ்விதி தளர்ந்தது. 2024 முதல், படிப்பில் தேறியிருந்தால், எத்தனை முறையும் காத்திருப்பின்றி மாறலாம். பயிற்சியாளர் நீக்கப்பட்டால் வீரர்களும் கலைந்துபோகிறார்கள். சிலர் அவருடனேயே அடுத்த கல்லூரிக்குச் செல்கிறார்கள். பையன்களின் பக்கமிருந்து பார்த்தால் இது நீதி. யாருக்கோ நேர்ந்த நீக்கத்துக்காக அவர்கள் ஓராண்டை இழக்க வேண்டியதில்லை, தங்கள் உழைப்புக்குப் பணமும் பெறுகிறார்கள். நீக்கப்பட்டவருக்கும் ஒரு வேதனை குறைகிறது. தம் பிள்ளைகள் இன்னொருவர் கையில் ஆடுவதை அடுத்த நவம்பரில் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

ஆனால் நைட்டின் கையைப் பிடித்திருந்தவர்கள் ஒரே ஊரில், ஒரே சீருடையில், அவருடைய கோபத்தையும் சேர்த்து ஆண்டுக்கணக்கில் தாங்கியவர்கள். ஓராண்டு இங்கே, ஓராண்டு அங்கே என்று ஆடிச் செல்பவர்களுக்குப் பழைய பயிற்சியாளர்கள் மூன்று நான்கு பேர் இருப்பார்கள். நாற்பது ஆண்டுகள் கழித்து, தளர்ந்துபோன ஒரு கிழவரை, அவர் உள்ளே வரமாட்டேன் என்று பிடிவாதம் பிடிக்கும் வாசல்வரை அழைத்துவர அவர்களில் யார் வருவார்கள்?