முப்பத்து மூன்றாம் சுற்று

எறிபந்தும் வளையப்பந்தும் ஆடிப் பழகிய நமக்கு, அமெரிக்கர் உயிரென மதிக்கும் பேஸ்பால் அவ்வளவாகத் தெரியாது. கிரிக்கெட்டுக்கு ஒன்றுவிட்ட தம்பி என்று வைத்துக்கொள்வோமே! அங்கே முதல்தரக் குழுக்களுக்கு அடியில், வீரர்களைப் பழக்கி மேலே அனுப்பும் சிறு குழுக்கள் பல உண்டு. அவற்றுள் ஒன்றின் கதை எங்கள் நெஞ்சைத் தொட்டது. பள்ளிக் குழுவில் பெயர் இருந்தும் பெரும்பாலும் பெஞ்சிலேயே அமர்ந்திருப்பவர்கள் நாங்கள், அதனாலும் இருக்கலாம்.

ரோட் ஐலண்டு மாநிலத்தில் பாடக்கெட் ஒரு பழைய பஞ்சாலை ஊர். பாஸ்டன் ரெட் சாக்ஸின் துணைக்குழு 1973 முதல் இங்கே முதல்தரத்துக்கு அடுத்த படியில் ஆடிவந்தது. கடனில் மூழ்கிய அக்குழுவை 1977-இல் பென் மாண்டர் என்னும் ஓய்வுபெற்ற ஜவுளித் தொழிலதிபர் வாங்கினார். நுழைவுச்சீட்டு விலையைக் குறைவாகவே வைத்துக் குடும்பங்களை வரவழைத்தார். மெக்காய் திடலில் வீரர்கள் அமரும் இடத்துக்கு மேலே பார்வையாளர் வரிசை இருந்தது. சிறுவர் சிறுமியர் பிளாஸ்டிக் பால் புட்டியை வெட்டிக் கயிற்றில் கட்டி, பந்தையும் பேனாவையும் அதில் வைத்துக் கீழே இறக்குவார்கள். பந்து கையெழுத்தோடு மேலே வரும். தூண்டில் போட்டுக் கையெழுத்துப் பிடிக்கும் வித்தை!

1981 ஏப்ரல் 18, பெரிய சனிக்கிழமை இரவு. ராச்செஸ்டர் குழுவுடன் ஆட்டம். ஒன்பது சுற்றில் முடிய வேண்டியது, சமநிலையிலேயே நீண்டுகொண்டு போயிற்று. 21-ஆம் சுற்றில் எதிரணி ஓர் ஓட்டம் முந்தியது. வேட் பாக்ஸ் அடித்து மறுபடி சமமாக்கினார். உடைந்த மட்டைகளை எரித்து வீரர்கள் குளிர்காய்ந்தார்கள். அதிகாலை நான்கு மணிக்கு மேல், 32 சுற்றுகளுக்குப்பின் ஆட்டத்தை நிறுத்தியபோது எஞ்சியிருந்த பார்வையாளர் 19 பேரே. அன்று ஈஸ்டர்!

ஜூன் 23-இல் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்கள். 18 நிமிடம்தான். டேவ் கோசா அடித்த அடியில் 3-2 என்று பாடக்கெட் வென்றது. தொழில்முறைப் பேஸ்பாலில் இதைவிட நீண்ட ஆட்டம் வேறில்லை.

அன்று ஆடிய பாக்ஸ் 2005-இலும், எதிரணியின் கால் ரிப்கன் 2007-இலும் பேஸ்பால் புகழ்மன்றத்தில் இடம்பெற்றனர். வெற்றியைத் தேடித்தந்த கோசாவோ முதல்தர ஆட்டம் ஒன்றில்கூட இறங்கியதில்லை. மேலிருந்து அழைப்பு வரவேயில்லை. புகழ்மன்றத்தார் இருவரையும் விட எங்கள் மனம் கோசாவின் பக்கமே சாய்கிறது.

2020-ஆம் ஆண்டே பாடக்கெட்டில் கடைசிப் பருவம் என்றிருந்தது. கொரோனா அதையும் பறித்தது. ஊராருக்கு விடைகொடுக்கும் ஆட்டம்கூடக் கிட்டவில்லை. 2021-இல் குழு வூஸ்டர் நகருக்குக் குடிபெயர்ந்தது. மெக்காய் திடலை இடிக்கும் பணி 2025-இல் தொடங்கியது. அந்த நிலத்தில் ஊர்ப் பிள்ளைகளுக்கு உயர்நிலைப் பள்ளி கட்டுவதென்று முடிவாயிற்று.