சாணக்கியரின் பேரேடு

மியூனிக்

அன்புள்ள தம்பிக்கு,

மைசூர் ஹெப்பாளில் வேலைக்குச் சேர்ந்திருப்பதாகவும், பிசினஸ், பொருளாதாரம், உலக அரசியல் மூன்றுக்கும் சேர்த்து நாலைந்து புத்தகம் சொல்லும்படியும் இந்தப் பத்திரிகைக்கு எழுதியிருந்தீர்கள். ஆசிரியர் கடிதத்தை என் பக்கம் தள்ளிவிட்டார். கடல் கடந்து உட்கார்ந்திருப்பவனிடம் கேட்டால் நியூயார்க், லண்டன் என்று அடுக்குவான் என்று நினைத்திருப்பீர்கள். நானோ உங்களை முதலில் உங்கள் ஊருக்குள்ளேயே ஒரு நடை போய்வரச் சொல்லப்போகிறேன்.

மகாராஜா கல்லூரிப் பக்கம், கிருஷ்ணராஜ புலவார்டு சாலையில் ஒரு பழைய கல் கட்டடம் இருக்கிறது. விக்டோரியா ராணியின் பொன்விழாவை ஒட்டி 1887ல் கால்கோள் விழா நடந்த கட்டடம். 1891ல் அங்கே மைசூர் அரசின் கீழ்த்திசை நூலகம் தொடங்கியது. இன்றைக்கு அது மைசூர் பல்கலைக்கழகத்தின் ஓரியண்டல் ரிசர்ச் இன்ஸ்டிடியூட். 1905ல் தஞ்சை மாவட்டத்துப் பண்டிதர் ஒருவர் இங்கே ஓர் ஓலைச்சுவடிக் கட்டைக் கொடுத்தார். நூலகர் ருத்ரப்பட்டணம் சாம சாஸ்திரி அதைப் பிரித்துப் படித்தார். பழைய வடமொழிப் புலவர்களான தண்டியும் பாணரும் பேர் சொல்லிவிட்டுப் போன, ஆனால் முழு உருவில் ஆய்வாளர் எவர் கைக்கும் அகப்படாமலிருந்த, சாணக்கியர் என்றும் சொல்லப்படும் கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம் அது. கூடவே பட்டசுவாமி என்பவரின் உரையில் ஒரு பகுதியும் இருந்தது. 1909ல் மூலத்தை அச்சிட்டார் சாஸ்திரி. 1915ல் அவருடைய ஆங்கில மொழிபெயர்ப்பு புத்தகமாக வந்தது.

சுவடி கிரந்த எழுத்தில் இருந்தது. வடமொழியை எழுதுவதற்கென்று தமிழ்நாட்டில் வழங்கிய எழுத்து அது. பாடலிபுத்திரத்தோடு சேர்த்துப் பேசப்படும் ஒரு நூல் காவிரிக் கரைக்காரர்களின் கையெழுத்தில் பிழைத்து, மைசூரில் அச்சேறியது என்பதைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். ஓலையில் மை தொட்டு எழுதுவதில்லை. எழுத்தாணியால் கீறி, கரியைத் தேய்த்துத் துடைத்தால் கீறலில் மட்டும் கறுப்பு தங்கும். சொல்லுக்குச் சொல் இடைவெளி கிடையாது. பூச்சியும் ஈரமும் ஓலையைச் சில நூறு வருஷங்களுக்கு மேல் விட்டுவைக்காது. அதற்குள் யாராவது உட்கார்ந்து புது ஓலையில் பிரதி எடுத்தாக வேண்டும். எத்தனை தலைமுறை உட்கார்ந்திருக்கிறது! தஞ்சைப் பண்டிதரை மாவட்டத்தின் பேரால் குறிப்பிட்டதோடு சாஸ்திரியின் முன்னுரை நிறுத்திக்கொள்கிறது. பிரதி எடுத்தவர்களின் கதியும் அதுதான்.

அச்சான புத்தகம் ஜெர்மனிக்கு வேகமாக வந்து சேர்ந்தது. வடமொழி ஆய்வாளர் ஹெர்மன் யாகோபி அதைப் பற்றிக் கட்டுரைகள் எழுதினார். யூலியுஸ் யோலியின் பதிப்புக்கு இங்கே மியூனிக் நூலகத்திலிருந்த ஒரு சுவடிப் பிரதியும் பயன்பட்டது. யோஹான் யாகோப் மேயர் 1926ல் முழு ஜெர்மன் மொழிபெயர்ப்பைக் கொண்டுவந்தார். இவர்களையெல்லாம்விட அதிகம் பேரை எட்டியது சமூகவியலாளர் மாக்ஸ் வேபர் போகிற போக்கில் சொன்ன ஒரு வாக்கியம். 1919 ஜனவரி 28 அன்று இதே மியூனிக்கில், அரசியலைத் தொழிலாகக் கொள்வது பற்றி மாணவர்களிடம் பேசினார். முதல் உலகப் போரில் நாடு தோற்று, மன்னராட்சி கவிழ்ந்து சில வாரங்களே ஆகியிருந்தன. அந்த உரையில் அர்த்தசாஸ்திரத்தைக் குறிப்பிட்டு, அதன் பக்கத்தில் மாக்கியவெல்லியின் நூல் சாதுவானது என்கிற பொருளில் சொன்னார். மைசூரில் மூலம் அச்சாகிப் பத்து வருஷம்கூட முழுதாக ஆகவில்லை.

அன்றைக்கு விழுந்த முத்திரை இன்னும் அழியவில்லை. இங்கே யாரிடம் கௌடில்யர் என்றாலும் ஒற்றன், விஷம், பக்கத்து நாடு பகை என்றுதான் பேச்சு போகிறது. நம் ஊர் விமான நிலையக் கடைகளில் கேட்கவே வேண்டாம். சாணக்கியரின் பேரைப் போட்டு, போட்டியாளரைக் கவிழ்க்க, முதலாளியை மடக்க என்று சூத்திரம் விற்கிறார்கள். பொன்மொழிகளாகத் தொகுத்தால் எந்த நூலும் அப்படித்தான் ஆகும்.

நீங்கள் நூலையே திறங்கள். மொத்தம் 15 அதிகரணங்கள், அதாவது பெரும் பகுதிகள். முதல் அதிகரணத்தைத் தாண்டி இரண்டாவதற்குப் போங்கள். கருவூலம், சுங்கம், நெசவு, சுரங்கம், கப்பல், எடைக்கல், யானை என்று துறை துறையாக அத்தியட்சர்கள், அதாவது துறைத் தலைவர்கள், வருகிறார்கள். அங்கே கணக்குத் தணிக்கையைப் பற்றி ஓர் இடம் உண்டு. வேலை ஆண்டுக்கு 354 நாள். ஆடி மாதத்தில் ஆண்டுக் கணக்கு முடிகிறது. அதிகாரிகள் முத்திரையிட்ட ஏடுகளோடும் கையிருப்போடும் தலைநகருக்கு வரவேண்டும். வந்தவர்கள் ஒருவரோடொருவர் பேசக்கூடாது. வரவு, செலவு, இருப்பு மூன்றையும் வாய்வழியாகச் சொல்லவைத்துக் கேட்டபின்தான் ஏடு சரிபார்க்கப்படும். எத்தனையோ நூற்றாண்டுக்கு முந்தைய ஆடிட் இது. மார்ச் கடைசியில் உங்கள் அலுவலகத்து அக்கவுண்ட்ஸ் செக்‌ஷனை எட்டிப்பார்த்தவர்களுக்கு இதில் எதுவும் புதிதாக இருக்காது.

அடுத்த இயலில் அரசுப் பணத்தைக் கையாடும் வழிகள் 40 என்று பட்டியல் போடுகிறார். முன்பே வசூலானதைப் பின்னால் வசூலானதாக எழுதுவது, வசூலாகாததை ஆனதாகக் காட்டுவது, ஒருவர் கட்டியதை இன்னொருவர் பேரில் வரவு வைப்பது, எடையிலும் அளவிலும் விலையிலும் விளையாடுவது. வருவாயை ஒரு காலாண்டிலிருந்து இன்னொன்றுக்கு நகர்த்தி மாட்டிக்கொள்ளும் கம்பெனிகளின் செய்தியை இங்கே பேப்பரில் படிக்கும்போதெல்லாம் பட்டியலில் இது எத்தனையாவது என்று தேடத் தோன்றுகிறது.

சம்பளத்துக்கு ஓர் இயல் தனியாக உண்டு. தலைமை அமைச்சர், படைத்தலைவர், பட்டத்து ராணி வரிசைக்கு 48,000 பணம். கடைசிப்படி எடுபிடிக்கு 60. எண்ணூறுக்கு ஒன்று! மேலை நாடுகளில் தலைமை நிர்வாகியின் சம்பளத்துக்கும் கடைநிலை ஊழியரின் சம்பளத்துக்கும் இடையிலுள்ள தூரத்தைப் பற்றிப் பெரிய விவாதம் நடக்கிறது. அந்த விவாதத்தில் கலந்துகொள்ள இவருக்கும் தகுதி உண்டு. ஆனால் இவர் ஒரு கட்டையும் போடுகிறார். மொத்தச் சம்பளச் செலவு வருவாயில் காற்பங்கைத் தாண்டக்கூடாது.

எனக்கு மிகவும் பிடித்தது வட்டி விகிதம். நூறு பணத்துக்கு மாதம் ஒன்றேகால் பணம் நியாய வட்டி. வியாபாரக் கடனுக்கு 5. காட்டு வழியே போகிறவருக்கு 10. கடலோடிக்கு 20. அறிவுரையோ தத்துவமோ ஒரு வரி கிடையாது. காட்டில் கள்ளன் எத்தனை, கடலில் புயல் எத்தனை, கொடுத்த பணம் திரும்பி வராமலே போன தடவை எத்தனை என்பதெல்லாம் இந்த நாலு எண்ணுக்குள் அடங்கிவிட்டன. இடரைப் பார்த்து விலை போடுவது என்று இப்போது வங்கிப் பயிற்சியில் வகுப்பு வகுப்பாக நடத்துவதன் சாரம் இவ்வளவுதான். இந்த நூலைத் தமிழுக்குக் கொண்டுவந்தவர் மகிபாலன்பட்டி பண்டிதமணி மு. கதிரேசச் செட்டியார். கடல் தாண்டி வட்டிக்கடை நடத்திய நகரத்தார் குலத்தில் பிறந்தவர். கடலோடி வட்டியை மொழிபெயர்க்க இவரைவிடப் பொருத்தமான ஆள் வாய்த்திருக்க முடியாது.

உலக விவகாரமும் இதில் இருக்கிறது, சரக்குப் பட்டியலின் வடிவத்தில். கருவூலத்துக்கு வரும் முத்துகளில் தாமிரபரணி முத்தும் பாண்டிய கவாடத்து முத்தும் முதலில் வருகின்றன. நல்ல பருத்தித் துணி வரும் ஊர்களில் மதுரை இருக்கிறது. சீனப்பட்டு இருக்கிறது. மத்தியதரைக் கடலின் சிவப்புப் பவளமும் இருக்கிறது. இமயத்துக்குப் போகும் வடவழிதான் உயர்ந்தது என்று முன்னோர் சொன்னதை மறுத்து, கம்பளம், தோல், குதிரை நீங்கலாக மற்றதெல்லாம் தென்வழியில்தான் மிகுதி என்கிறார். சங்கு, வைரம், மணி, முத்து, பொன் எல்லாம் இந்தப் பக்கம்.

அந்தப் பவளம் நூலின் வயதையே மாற்றிவிட்டது. சாம சாஸ்திரி இதைச் சந்திரகுப்த மௌரியரின் அமைச்சர் எழுதியதாகவே எடுத்துக்கொண்டார். 1971ல் ஆய்வாளர் தாமஸ் டிரவுட்மன் நூல் முழுதும் வரும் சிறு இடைச்சொற்களை எண்ணிப் பார்த்து, இது ஒரு கை எழுதியதல்ல என்று காட்டினார். இலங்கையில் பிறந்து அமெரிக்காவில் பேராசிரியராக இருந்த பேட்ரிக் ஒலிவெல் 2013ல் புதிய மொழிபெயர்ப்பை வெளியிட்டார். பவளம் அலெக்சாந்திரியாத் துறையிலிருந்து வந்ததாகக் குறிக்கப்படுவதால், ரோமக் கடல் வணிகம் சூடுபிடித்த கி.பி. முதல் நூற்றாண்டை ஒட்டியது கௌடில்யரின் வடிவம், அதற்குப் பிறகும் திருத்தங்கள் நடந்தன என்பது அவர் கட்சி. மௌரியப் பேரரசின் பெருமையை நம்பி வளர்ந்தவர்களுக்கு இது கசக்கும். நமக்கு இதனால் நஷ்டம் இல்லை. முசிறியும் கொற்கையும் களைகட்டியிருந்த காலத்துக்கு நூல் நெருங்கி வருகிறது.

இதை நான் உங்களுக்கு வழிகாட்டி நூலாகச் சொல்லவில்லை. வியாபாரிகளைப் பேர் மட்டும் மாறிய திருடர்களாகத்தான் இவர் பார்க்கிறார். கூட்டுச் சேர்ந்து விலையேற்றினால் 1,000 பணம் தண்டம். உள்நாட்டுச் சரக்குக்கு 5 சதம், வெளிநாட்டுச் சரக்குக்கு 10 சதத்துக்கு மேல் லாபம் கூடாது. தண்டனை வர்ணத்துக்கு வர்ணம் மாறுகிறது. கஜானா காலியானால் ராத்திரியோடு ராத்திரியாக ஒரு தெய்வத்தை எழுப்பி உண்டியல் வைக்கவும் யோசனை சொல்கிறார். வேபர் பார்த்து மிரண்டது இந்தப் பக்கங்களைத்தான். அவையும் மெய்யே. ஆனால் ஒற்றனுக்கும் படைக்கும் படி அளக்க யாரோ ஓர் எழுத்தர் ஏட்டைச் சரியாக வைத்திருந்தாக வேண்டும் என்பதுதான் நூலின் அடித்தளம். எந்தப் பொருளாதார நூலை எடுத்தாலும் பொன்மொழியைத் தாண்டி விகிதத்தைத் தேடுங்கள் என்பேன்.

அப்படித் தேட மைசூரிலேயே இன்னொரு பாடம் இருக்கிறது. மானந்தவாடி சாலையிலுள்ள சந்தன எண்ணெய்த் தொழிற்சாலை. சந்தன மரம் திப்பு சுல்தான் காலத்திலிருந்தே அரசு உடைமையாக இருந்தது. மைசூர் சமஸ்தானம் கட்டையை ஏலம் விடும். பெரும்பகுதி ஜெர்மனிக்குப் போய் எண்ணெயாகும். 1914ல் போர் மூண்டது. வாங்குகிற நாடு எதிரி நாடாகிவிட்டது, கட்டை தேங்கியது. திவான் விசுவேசுவரய்யாவின் அரசு வேறு நாட்டில் ஆள் தேடி அலையாமல், எண்ணெயை இங்கேயே எடுக்க முடியுமா என்று பெங்களூரின் இந்திய அறிவியல் கழகத்தில் பார்க்கச் சொன்னது. 1916ல் பெங்களூரில் ஆலை, 1917ல் மைசூரில் ஆலை, 1918ல் சந்தன சோப்பு. வீட்டு வாசலில் கிடக்கும் பச்சைக் கட்டையை யாரோ விற்பனைச் சரக்காக்கிக் கொழிக்கிறார்கள் என்பது சமாதான காலத்திலும் தெரிந்திருந்த உண்மைதான். அதற்கு விலை எவ்வளவு என்று சந்தை மூடியபிறகுதான் கணக்குப் பார்த்தார்கள். ஒரே நாட்டின் சிப்பையோ எரிவாயுவையோ நம்பியிருக்கலாமா என்று இங்கே ஐரோப்பாவில் இப்போது நடக்கும் பேச்சைக் கேட்கும்போது எனக்கு அந்தச் சந்தனக்கட்டைக் குவியல்தான் நினைவுக்கு வருகிறது. மைசூர் வங்கி 1913ல், பல்கலைக்கழகம் 1916ல் என்று அடுத்தடுத்து எழுப்பிய விசுவேசுவரய்யா, 1934ல் இந்தியாவுக்கான திட்டமிட்ட பொருளாதாரம் பற்றி எழுதிய நூலில் பத்தே ஆண்டுகளில் நாட்டு வருமானத்தை இரட்டிப்பாக்க வேண்டும் என்றார். சோவியத் பாணித் திட்டம் என்று சிலரும் முதலாளிகளின் திட்டம் என்று சிலரும் பேசுவார்கள். சந்தனக் கணக்கைத் தெரிந்துகொண்டு படித்தால் அவர் எங்கிருந்து பேசுகிறார் என்பது புரியும்.

கடைசியாக ஒரு நாவல். யாதவகிரியில் ஆர்.கே. நாராயண் வாழ்ந்த வீடு இப்போது அருங்காட்சியகம். அவருடைய ‘தி ஃபைனான்ஷியல் எக்ஸ்பர்ட்’ 1952ல் வந்தது. மார்க்கய்யா கூட்டுறவு நில அடமான வங்கிக்கு எதிரே ஆலமரத்தடியில் தகரப்பெட்டியோடு உட்கார்ந்து, விவசாயிகளுக்குக் கடன் மனு எழுதிக் கொடுத்துப் பிழைக்கிறவர். வங்கியின் விதிகள் கிராமத்தானுக்குப் புரியாததுதான் அவருடைய முதல். செல்லப் பிள்ளை பாலு ஒருநாள் அவருடைய கணக்குப் புத்தகத்தைச் சாக்கடையில் வீசிவிடுகிறான். அத்தோடு அந்தத் தொழில் போச்சு. பிறகு போர்க்காலத்தில் கொழுத்த வட்டி தருவதாகச் சொல்லி ஊர் பணத்தையெல்லாம் வாங்கிக் குவிக்கிறார். எல்லோரும் ஒரே நாளில் திருப்பிக் கேட்டதும் கட்டடம் சரிகிறது. சீட்டுக் கம்பெனியில் பணம் போட்டு ஏமாந்த குடும்பம் நம் ஊர்த் தெருவுக்கு ஒன்றாவது இருக்கும். அவர்களுக்கு இந்தக் கதையை விளக்க வேண்டியதில்லை. வங்கி ஓட்டம் பற்றி எத்தனை பாடநூல் படித்தாலும் மார்க்கய்யாவின் வீட்டில் ரூபாய் மூட்டைகள் அடுக்கப்படும் பக்கங்கள் தரும் பதற்றம் கிடைக்காது.

ஆக, வரிசை இது: ஒலிவெல்லின் மொழிபெயர்ப்பில் இரண்டாம் அதிகரணம், தமிழில் கிடைத்தால் பண்டிதமணி. பிறகு விசுவேசுவரய்யா. பிறகு நாராயண். உலக அரசியலுக்கு என்று கேட்டிருந்தீர்களே, அதற்கு ஹென்றி கிசிங்கர் 2014ல் எழுதிய ‘வேர்ல்டு ஆர்டர்’ இருக்கிறது. கௌடில்யருக்கு அதில் நல்ல இடம் கொடுத்து, அதிகாரம், வெற்றி, அண்டை அரசுகள் என்று சுவையாகவே எழுதியிருக்கிறார். அதைக் கடைசியில் படியுங்கள். வட்டி விகிதமும் சம்பளப் பட்டியலும் ஆடி மாதத் தணிக்கையும் மனதில் நிற்கும்போது, ஒரு ராஜதந்திரி எந்தப் பக்கங்களைத் தாண்டிப் போயிருக்கிறார் என்று நீங்களே விரல் வைத்துக் காட்டிவிடுவீர்கள்.

படித்துவிட்டு எழுதுங்கள். மாற்றுக் கருத்து இருந்தால் அவசியம் எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் மியூனிக் மடல்காரன்